மலையோரச் சாலையில் புனலூருக்கு

நான், காலை 6.12
அத்தை வீட்டுப் பால்காய்ப்புக்காக ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்திலிருந்து எல்லாரும் ஒரே வேனில் புனலூருக்குப் போகிறோம். நான்குவழிச் சாலை எதுவரை கிடைக்கிறதோ அதுவரை அதிலேயே போய்விட்டால் ஊர்களுக்குள் நுழையாமல் நேரம் மிச்சமாகும் என்று ஓட்டுநர் சொல்கிறார். பெரியப்பா இந்தச் சாலையிலேயே சாலை ஆய்வாளராக வேலை பார்த்தவர். அவரைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யலாம் என்று நினைக்கிறேன்.

பெரியப்பா, காலை 6.40
திரும்பி வரும்போது எந்த வழியில் வேண்டுமானாலும் வாருங்கள், ஆனால் போகும்போது பழைய சாலையில் போங்கள் என்பதே என் விருப்பம். திருமங்கலத்தில் தொடங்கி கொல்லத்தில் முடியும் இந்தச் சாலை ஏறத்தாழ 206 கிலோமீட்டர் நீளமுள்ளது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதற்குத் தேசிய நெடுஞ்சாலை 208 என்று பெயர். 2010ஆம் ஆண்டு நாடு முழுவதும் எண்களை மாற்றியபோது இது 744 ஆயிற்று. அப்போது கிலோமீட்டர் கற்களில் இருந்த 208ஐ வெள்ளையடித்து மறைத்து அதன் மேல் புதிய எண்ணை எழுதினோம். மழையிலும் வெயிலிலும் மேல்பூச்சு உரிந்த கற்களில் பழைய எண் இன்னமும் மங்கலாகத் தெரியும்.

தம்பி (சென்னை), காலை 7.05
பெரியப்பா, வரைபடத்தில் பார்த்தால் இந்தச் சாலை ராஜபாளையத்திலிருந்து தென்காசி வரை மலையை ஒட்டியே போகிறது. மலையை விட்டு விலகிக் கிழக்கே சமவெளியில் நேராகப் போட்டிருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்குமே, ஏன் அப்படிச் செய்யவில்லை?

பெரியப்பா, காலை 7.31
நல்ல கேள்வி, தம்பி. சாலை மலையைத் தேடிப் போகவில்லை, தண்ணீர் இருந்த ஊர்களைத் தேடிப் போனது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் சமவெளியைத் தொடும் இடங்களில்தான் நம் முன்னோர் கரை கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். அந்தக் கரைகளின் கீழே வயலும், வயலை ஒட்டி ஊரும், ஊரை ஒட்டிச் சந்தையும் உண்டாயின. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, சொக்கம்பட்டி, கடையநல்லூர் என்று வரிசையாக எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் அதற்கு மேற்கே ஓர் ஓடையும் ஒரு நீர்நிலையும் இருக்கும். அவற்றை ஒன்றோடொன்று இணைத்த வண்டித் தடம் பின்னாளில் கப்பிச் சாலையாகி, அதற்கும் பின்னாளில் தார்ச் சாலையாயிற்று. ராஜபாளையம் வரை நாம் கண்மாய் என்று சொல்லும் அதே நீர்நிலையைச் சிவகிரிக்குத் தெற்கே போகப் போகக் குளம் என்று சொல்வதைக் கேட்கலாம். மதுரைச் சீமை முடிந்து நெல்லைச் சீமை தொடங்குவதை எந்த எல்லைக் கல்லையும்விட அந்தச் சொல்லே தெளிவாகக் காட்டும்.

இதனால்தான் இந்தச் சாலையில் சிறுபாலங்கள் இவ்வளவு அதிகம். மலையிலிருந்து கிழக்கே ஓடும் ஒவ்வோர் ஓடையையும் சாலை குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்பே பாலங்களின் கண்களில் அடைத்திருக்கும் மண்ணையும் செடிகொடிகளையும் வாரி எடுத்துவிட வேண்டும். ஒரு கண் அடைத்திருந்தாலும் ஒரே இரவில் வெள்ளம் சாலையின் மேலேறி ஓரத்தை அரித்துவிடும். என் வேலைக்காலத்தில் பாதி இந்தக் கவலையிலேயே போயிற்று என்று சொன்னால் அது மிகையில்லை.

நான், காலை 7.50
அப்படியானால் பழைய சாலையிலேயே போகிறோம். வழியில் எங்கெங்கே இறங்க வேண்டும் என்று சொல்லுங்கள், பெரியப்பா.

பெரியப்பா, காலை 8.26
டி.கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தை வெளியே நின்றாவது பாருங்கள். காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி.குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது அங்கேதான். பெரிய பதவிகளை ஏற்று டெல்லியில் இருந்திருக்கக் கூடியவர் கரிசல் காட்டில் ஒரு சிற்றூரைத் தேர்ந்துகொண்டார் என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் மனம் நெகிழும்.

கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் ஸ்ரீவில்லிபுத்தூரின் பதினொரு நிலை ராஜகோபுரம் தொலைவிலேயே தெரியத் தொடங்கும். ஆண்டாள் கோவிலில் பூசை முடிந்த செய்தியை மதுரையிலிருந்த திருமலை நாயக்கர் உடனே அறிந்துகொள்வதற்காக, வழிநெடுகக் கல் மண்டபங்களை எழுப்பி, ஒரு மண்டபத்தின் முரசொலி அடுத்ததை எட்டும்படி செய்தார் என்பது இந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்த ஒலியைக் கேட்ட பிறகே அரசர் உண்பாராம். அவருக்கு அது பசியாறும் நேரம், வழிப்போக்கருக்கு அதே மண்டபம் ஒதுங்கும் நிழல். பால்கோவாவைத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

வாசுதேவநல்லூர் வட்டாரம் பூலித்தேவரின் நாடு. அவருடைய நெற்கட்டும்செவல் சாலையிலிருந்து கிழக்கே உள்ளே தள்ளி இருக்கிறது. 1759ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படையின் தளபதி யூசுப்கான் பீரங்கிகளோடு வந்து முற்றுகையிட்டும் வாசுதேவநல்லூர் மண்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார். அந்த ஊரைக் கடக்கும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

சித்தி (கடையநல்லூர்), காலை 8.58
அத்தான், புளியங்குடியை ஒரு வரிகூடச் சொல்லாமல் கடந்துவிட்டீர்களே. எலுமிச்சை மூட்டைகள் வந்து இறங்கும் நாளில் அந்தச் சந்தையின் பக்கம் வேனின் கண்ணாடியைத் திறந்தாலே மணம் உள்ளே வந்துவிடும். தோலின் பளபளப்பையும் காயின் கனத்தையும் விரலால் உருட்டிப் பார்த்தே வியாபாரிகள் தரம் பிரித்துவிடுவார்கள். அதில் பெரும்பங்கு இதே சாலையில் கேரளத்துக்குத்தான் போகிறது. காய்கறியும் வைக்கோலும் அப்படித்தான். எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால், உயரமாக வைக்கோல் அடுக்கிய லாரிகள் மேற்கே போவதையும், ரப்பர் மரத் தடிகளை ஏற்றிய லாரிகள் கிழக்கே வருவதையும் நாள் முழுவதும் காணலாம்.

பெரியப்பா, காலை 9.20
நீ சொல்வது முழுக்கச் சரி, அம்மா, நான்தான் விட்டுவிட்டேன். இந்தக் கொடுக்கல் வாங்கல் இன்று நேற்று வந்ததன்று. கி.பி. 825ஆம் ஆண்டில் தொடங்கும் கொல்லம் ஆண்டை மலைக்குக் கிழக்கே நெல்லைச் சீமையிலும் நெடுங்காலம் எழுதி வந்தார்கள். நம் தாத்தாவின் செங்கோட்டை நிலப் பத்திரத்தில் கொல்லம் 1098 என்று இருப்பதை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். அது ஆங்கிலக் கணக்கில் 1922-23. ஒரு துறைமுக நகரத்தின் பெயரால் வழங்கிய ஆண்டுக் கணக்கு ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டி நம் வீட்டுப் பெட்டிக்குள் வந்திருக்கிறது என்றால், அது இந்தத் தடத்தில் வந்தது என்றுதான் நான் நம்புகிறேன்.

தம்பி (சென்னை), காலை 9.34
அந்தப் பத்திரத்தில் விலையைத் திருவிதாங்கூர்க் காசான சக்கரத்தில் எழுதியிருந்ததும் நினைவிருக்கிறது. செங்கோட்டை எப்போது நம் பக்கம் வந்தது, பெரியப்பா?

பெரியப்பா, காலை 10.02
1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அந்த நாளில்தான் கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு வட்டங்களோடு சேர்ந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்கு முன்பு தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் போகிறவர், எட்டுப் பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே ஓர் ஆட்சியிலிருந்து இன்னோர் ஆட்சிக்குள் நுழைந்துவிடுவார். அந்த நுழைவைக் காட்டும் பழைய வளைவு இன்றும் செங்கோட்டையில் நிற்கிறது. வேனை நிறுத்தி மேலே நிமிர்ந்து பாருங்கள், திருவிதாங்கூரின் சங்கு முத்திரை தெரியும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனும் இந்த ஊர்க்காரர்தான்.

செங்கோட்டைக்கு முன்னால் தென்காசியில் கோபுர வாசலுக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். கணவாய் வழியாக வரும் காற்று அந்த வாசலில் ஓரிடத்தில் உங்களை உள்ளே தள்ளும். சில அடி இடைவெளியிலேயே இன்னோரிடத்தில் எதிரே வந்து முகத்தில் அடிக்கும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு இதைக் காட்டியபோது எனக்கு ஆறு வயது.

அத்தை (புனலூர்), காலை 10.41
அண்ணன் சொன்னதைப் படித்ததும் எனக்கும் அம்மாவின் நினைவு வந்துவிட்டது. புளியரை தாண்டி மலையேறினால் அதற்கு மேற்பட்ட வழியை நான் சொல்கிறேன். எஸ் வளைவில் ஓட்டுநரை மெதுவாகப் போகச் சொல்லுங்கள். பாரம் ஏற்றிய லாரிகள் அங்கே திரும்புவதற்கு முழுச் சாலையும் தேவைப்படும். கோட்டைவாசல் சோதனைச் சாவடியைக் கடந்தால் ஆரியங்காவு. சாலை மட்டத்திலிருந்து படியிறங்கிப் போனால் கீழே சாஸ்தா கோவில் இருக்கிறது. மதுரைச் சௌராஷ்டிர சமூகத்துப் பெண்ணாகக் கருதப்படும் புஷ்கலைக்கும் ஐயனுக்கும் ஆண்டுதோறும் மார்கழியில் அங்கே திருக்கல்யாணம் நடக்கும். பெண் வீட்டார் என்ற உரிமையோடு மதுரையிலிருந்து சீர்வரிசை கொண்டு வருவார்கள். மதுரைக்கும் மலைக்கும் உள்ள உறவைச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல செய்தி தெரியாது.

அங்கிருந்து கழுதுருட்டி வரை ரயில் பாதை கூடவே வரும். 1904இல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே ஓடத் தொடங்கிய மீட்டர்கேஜ் ரயிலுக்காகக் கருங்கல்லில் கட்டிய பதின்மூன்று வளைவுப் பாலம் சாலையோரத்திலேயே நிற்கிறது. 2010இல் மீட்டர்கேஜ் நின்று, 2018இல் அகலப்பாதை முழுமையானது. இடையில் அந்த ஆண்டுகளில் நானும் உங்கள் மாமாவும் ஊருக்கு வர இந்தச் சாலையை மட்டுமே நம்பியிருந்தோம். மழைக்காலத்தில் மண் சரிந்து போக்குவரத்து நின்ற ஒரு நாளில், தென்மலையில் பேருந்துக்குள் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை.

புனலூரில் கல்லடை ஆற்றின் மேல் 1877இல் கட்டி முடித்த தொங்குபாலம் இருக்கிறது. இரு கரையிலும் கல் தூண்கள், அவற்றிலிருந்து இறங்கும் இரும்புச் சங்கிலிகள், காலுக்குக் கீழே மரப்பலகைகள். பலகைகளின் இடைவெளியில் ஆறு ஓடுவது தெரியும். வண்டிகளெல்லாம் பக்கத்தில் உள்ள கான்கிரீட் பாலத்தில் போகும். நீங்கள் இறங்கி அதன் மேல் நடந்து வாருங்கள்.

தம்பி (சென்னை), காலை 11.08
நான்குவழிச் சாலை முழுவதும் வந்துவிட்டால் இந்த ஊர்களுக்குள் யாரும் வர மாட்டார்கள் என்று வருத்தப்படுகிறீர்களா, பெரியப்பா?

பெரியப்பா, காலை 11.45
சாலை அகலமாவதை நான் எதிர்க்கவில்லை. ராஜபாளையம் கடைவீதிக்குள் பாரவண்டிகளும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்களும் ஒரே நேரத்தில் நெருக்கிக்கொண்டு போவதைப் பல ஆண்டுகள் பயத்தோடு பார்த்தவன் நான். அந்த வண்டிகள் ஊருக்கு வெளியே போவது மிகவும் நல்லது. எனக்குள்ள மனக்குறை மரங்களைப் பற்றியது. முன்பு ஒரு முறை சாலையை அகலப்படுத்தியபோது, எண் எழுதி, கறுப்பும் வெள்ளையும் பட்டையடித்து, ஆண்டுதோறும் காய் மகசூலை ஏலம் விட்ட புளியமரங்களை ஒரே வாரத்தில் வெட்டிச் சாய்த்தார்கள். பதிலுக்கு நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் போடவில்லை, கேட்டும் கிடைக்கவில்லை. இனி ராஜபாளையத்திலிருந்து செங்கோட்டை வரை அகலப்படுத்தும்போது வயல்களையும் குளங்களின் வரத்துக்கால்களையும் மறிக்காமல் போட வேண்டும் என்று விவசாயிகள் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஓடைக்குப் போதிய கண் விடாமல் மண்ணைக் கொட்டி உயர்த்தினால், மேற்கே பயிர் மூழ்கும், கிழக்கே குளம் காயும்.

நான், பகல் 12.10
ஞாயிறு காலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறோம். சித்தியைக் கடையநல்லூரிலும் பெரியப்பாவை ராஜபாளையத்திலும் ஏற்றிக்கொள்கிறோம்.

பெரியப்பா, பகல் 12.22
எனக்கு முழங்கால் வலி அதிகமாக இருப்பதால் இந்த முறை நான் வரவில்லை, தங்கை என்னை மன்னிக்க வேண்டும். வாசுதேவநல்லூருக்கும் புளியங்குடிக்கும் நடுவே இடப்பக்கம் ஒரு சிறுபாலம் வரும். அதன் கைப்பிடிச் சுவரை ஒட்டி, நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் நின்று நட்ட கிலோமீட்டர் கல் இருக்கிறது. அதில் 208 இன்னும் தெரிகிறதா என்று பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

அத்தை (புனலூர்), பகல் 12.30
அண்ணன், பால்காய்ப்பு முடிந்த மறுநாள் நானே ராஜபாளையத்துக்கு வருகிறேன்.