டார்ஜிலிங் 'பி' கிளாஸ், 1:19 அளவு: நண்பரின் மாடல் இன்ஜினுக்கு டீக்கால், வெதரிங் எந்த வரிசையில்?

குறும்பாதை:

வணக்கம். நண்பர் ஒருவரின் டார்ஜிலிங் 'பி' கிளாஸ் (டார்ஜிலிங் மலை ரயிலின் நீராவி இன்ஜின் வகை) மாடலை முடித்துக் கொடுக்க வேண்டும். டீக்காலும் (நீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படலம்) வெதரிங்கும் (ஓடிய வண்டி போல அழுக்கு, தேய்மானம் காட்டுவது) பாக்கி. நிஜத்தின் ஓர் அடிக்கு மாடலில் 16 மி.மீ. அளவு, தண்டவாள இடைவெளி 32 மி.மீ. உள்ளே பேட்டரியும் மோட்டாரும்தான், நீராவி கிடையாது. உடல் ஏபிஎஸ் பிளாஸ்டிக். குழாய், கைப்பிடி எல்லாம் பித்தளை. அக்ரிலிக் ஸ்ப்ரே கேனில் நீலம் அடித்து 10 நாள் ஆகிறது. சாட்டின் (பாதி மினுப்பு) பூச்சு.

கேப் (ஓட்டுநர் நிற்கும் அறை) இரு பக்கமும் 779 என்ற எண், டேங்க் பக்கவாட்டில் தேவநாகரியில் ஒரு வரி. இரண்டுமே வெள்ளையில் வேண்டும் என்கிறார். தினமும் ஓடுகிற வண்டி போல இருக்க வேண்டும், கைவிடப்பட்ட வண்டி போல ஆகிவிடக் கூடாது. மொட்டைமாடித் தோட்டத்தில் அடிக்கடி ஓட்டுவார்.

கேட்க வேண்டியவை: வீட்டுப் பிரிண்டரில் வெள்ளை மை இல்லை, எழுத்துக்கு என்ன வழி? சோதனைக்கு ஒட்டிய டீக்காலைச் சுற்றி வெள்ளி போலப் பளபளக்கிறது, ஏன்? வார்னிஷ், டீக்கால், ஆயில் வாஷ் (நீர்க்கக் கரைத்த ஆயில் பெயின்ட்), பவுடர் (அழுக்கு நிறத் தூள்) இவற்றின் சரியான வரிசை எது? 'பி' கிளாஸில் எந்த இடத்தில் எந்த அழுக்கு படியும்?

நீர்வழுக்கி:

வெள்ளிப் பளபளப்புக்குக் காரணம் அந்த சாட்டின் பூச்சுதான். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் அதில் உண்டு. டீக்கால் படலம் மேடுகளின் மேல் பாய் விரித்த மாதிரி கிடக்கும், பள்ளங்களில் காற்று தங்கிவிடும். அந்தக் காற்றில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதுதான் நீங்கள் பார்ப்பது. எனவே முதலில் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ். ஒரே கனமான பூச்சு வேண்டாம், 20 நிமிட இடைவெளியில் மெல்லிய பூச்சாக மூன்று. பிறகு குறைந்தது 48 மணி நேரம் காய விடுங்கள். வார்னிஷ் அடிக்கும் முன் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் உடலைத் துடைத்தால் விரல் எண்ணெய் போய்விடும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கொண்டு துடைக்காதீர்கள், அக்ரிலிக் பெயின்ட்டையே கரைத்து எடுக்கும்.

இனி எழுத்து. அடிக்கு 16 மி.மீ. அளவில் கணக்கு சுலபம்: நிஜத்தில் 6 அங்குல எழுத்து இங்கே 8 மி.மீ., 3 அங்குலம் என்றால் 4 மி.மீ. வெள்ளைக்கு மூன்று வழிகள் உண்டு.

வெள்ளை டீக்கால் தாளில் சுற்றிலும் நீலம் அச்சிட்டு எழுத்தை மட்டும் வெறுமையாக விடுவது ஒன்று. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அச்சு நீலம் ஸ்ப்ரே நீலத்தோடு ஒருபோதும் ஒத்துப்போகாது, வெயிலில் வைத்தால் உடனே காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, வெள்ளை டோனர் உள்ள லேசர் பிரிண்டரில் தெளிவான டீக்கால் தாளில் அச்சிட்டு வாங்குவது. சிறிய எழுத்துக்கு இதுதான் சரி. மூன்றாவது, வண்டி நம்பர் பிளேட்டுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடையில் வினைல் மாஸ்க் வெட்டி வாங்கி, வெள்ளையை நேரடியாக ஸ்ப்ரே செய்வது. 8 மி.மீ. 779-க்கு இது மிகப் பொருத்தம்: படலமே இல்லை, ஓரம் தெரியாது. ஆனால் 4 மி.மீ. தேவநாகரிக்கு வேண்டாம். தலைக்கோடும் எழுத்துகளுக்குள் இருக்கும் குட்டித் துண்டுகளும் கத்தியிலேயே பிய்ந்து வந்துவிடும். எண்ணுக்கு மாஸ்க், டேங்க் வரிக்கு டீக்கால் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டிக்கர் கடை வினைலின் பசை கடுமையானது. ஒட்டும் முன் ஜீன்ஸ் துணியில் மூன்று நான்கு முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறையுங்கள், இல்லாவிட்டால் நீலமும் சேர்ந்து உரியும். ஒட்டிய பின் முதலில் தெளிவான வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு. ஓர இடுக்குகளை அது அடைத்துவிடும், வெள்ளை உள்ளே கசியாது. பிறகு வெள்ளை, தூசி போல மூன்று பூச்சு. முழுதாகக் காயும் முன்பே மாஸ்கை மடக்கி இழுத்து உரியுங்கள். காய்ந்த பின் உரித்தால் விளிம்பு பல்லுப் பல்லாக வரும்.

டீக்கால் ஒட்டும்போது போர்வெல் தண்ணீர் வேண்டாம். உப்பு காய்ந்து படலத்தின் அடியில் வெள்ளைத் திட்டாக நின்றுவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் அரை லிட்டர் போதும். எழுத்தை ஒட்டி வெட்டி, 10-15 விநாடி நீரில் காட்டி, எடுத்து டிஷ்யூ மேல் ஒரு நிமிடம் வையுங்கள். தானாக வழுக்கும்போது நகர்த்துங்கள், நகத்தால் தள்ளினால் கிழியும். ஒட்டும் இடத்தில் முதலில் மைக்ரோ செட் (டீக்கால் பிடிக்க உதவும் திரவம்). டீக்கால் உட்கார்ந்ததும் நீரை ஒற்றி எடுத்துவிட்டு மேலே மைக்ரோ சால் (படலத்தை இளக்கிப் படிய வைக்கும் திரவம்). சால் பட்டதும் படலம் சுருங்கி நெளியும், பார்க்கவே பதற்றமாக இருக்கும். தொடாதீர்கள், காயும்போது தானே படிந்து இறுகும். அந்த நிலையில் விரல் பட்டால் திரும்பச் சரிசெய்ய வழியில்லை.

ரிவெட் தலைகளைச் சுற்றிக் காற்று நின்றால் ஊசி முனையால் இரண்டு மூன்று துளை போட்டு மறுபடி சால். ஒரே நாளில் முடியாது, இரண்டு மூன்று சுற்று ஆகும். எல்லாம் காய்ந்ததும் ஈரப் பஞ்சால் பசை மிச்சத்தைத் துடைத்துவிட்டு, 24 மணி நேரம் கழித்து மறுபடி கிளாஸ் பூச்சு. மிச்சத்தைத் துடைக்காமல் பூசினால் சில மாதங்களில் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரியும்.

புகைக்கூண்டு:

டீக்கால் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் அழுக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், 'பி' கிளாஸில் சுவாரஸ்யமான பகுதியே அதுதான்.

இந்த இன்ஜின்கள் 1889 முதல் ஓடுபவை. 2 அடிப் பாதை, நான்கே சக்கரம், பாய்லர் மேல் சாடில் டேங்க் (சேணம் போல் கவிந்த தண்ணீர்த் தொட்டி). ஏற்றத்தில் சக்கரம் வழுக்காமலிருக்க முன் பஃபர் பீமில் (இன்ஜினின் முன்முனைக் குறுக்குச் சட்டம்) இரண்டு பேர் உட்கார்ந்து கையால் தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள். நிலக்கரிப் பெட்டி கேபுக்கு முன்னால் இருக்கிறது, அதன் மேல் ஒருவர் உட்கார்ந்து கரியை உடைத்துக் கொடுப்பார். பாதையோ பெரும்பாலும் ஹில் கார்ட் ரோடு என்ற மலைச்சாலையை ஒட்டியே போகிறது, பல இடங்களில் அதைக் குறுக்கே கடக்கிறது. கூம் நிலையம் 2,258 மீட்டர் உயரத்தில், மூடுபனியும் மழையும். இந்த நான்கையும் மனதில் வைத்தால் எங்கே என்ன என்பது தானே வரும்.

முன் பீம்: ஆட்கள் உட்காரும், கால் வைக்கும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து உலோகம் மினுங்க வேண்டும், அங்கே துரு வேண்டாம். தினமும் துணியும் செருப்பும் உரசும் இடத்தில் துரு பிடிக்க நேரமில்லை. 2பி பென்சில் முனையை விளிம்பில் தேய்த்தாலே போதும். பீமின் மேல்மட்டத்திலும் முன் சக்கரங்களைச் சுற்றியும் வெளிறிய மணல் நிற பவுடர், மிகக் கொஞ்சம்.

ஸ்மோக்பாக்ஸ் (பாய்லரின் முன்னால், புகைபோக்கிக்கு அடியிலுள்ள புகைப்பெட்டி): சுத்தக் கறுப்பு அடிக்காதீர்கள். கறுப்போடு பழுப்பு கலந்த அடர் சாம்பல், மேட் (மினுப்பில்லாதது). கதவின் அடி ஓரத்திலும் அதன் கீழுள்ள தட்டிலும் வெளிர் சாம்பல் பவுடர். கதவைத் திறந்து சாம்பலை வாரும்போது சிந்துவது அங்கேதான்.

நிலக்கரி: நிஜக் கரியையே உடைத்துப் போடுங்கள். கைப்பிடி அளவுத் துண்டு, அதாவது 80 மி.மீ., இங்கே 4 மி.மீ. ஆகும். வெள்ளைப் பசை ஒரு பங்கு, நீர் மூன்று பங்கு, ஒரு சொட்டு சோப்புத் திரவம். பெட்டியைச் சுற்றி டேங்க் மேல் கரித்தூள் சிந்தியிருக்க வேண்டும். பலர் விட்டுவிடும் இடம் இது.

தண்ணீர்க் கறை: சேஃப்டி வால்வு அடியிலும் இன்ஜெக்டர் (பாய்லருக்குள் தண்ணீர் செலுத்தும் கருவி) பக்கமும் சுண்ணாம்புக் கோடுகள். வெள்ளை ஆயில் பெயின்ட்டில் சிறிது ரா சியன்னா கலந்து, கடுகை விடச் சிறிய புள்ளி வைத்து, டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த தட்டைத் தூரிகையால் கீழ்நோக்கி ஒரே இழுப்பு. ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு கோடுகள் போதும்.

சக்கரமும் சட்டகமும்: இறக்கத்தில் முழுக்க பிரேக். வார்ப்பிரும்புக் கட்டைகள் தேய்ந்து விழும் தூள் சக்கர முகத்தில் செம்பழுப்பாகப் படியும். அதன் மேல் சாலைச் சேற்றின் சாம்பல் பழுப்பு, ஃபுட்பிளேட்டுக்கு (சக்கரங்களுக்கு மேலுள்ள நடைத்தட்டு) கீழே மட்டும். சக்கரங்களை இயக்கும் ராடுகளும் அவற்றை பிஸ்டனோடு இணைக்கும் கிராஸ்ஹெட்டும் பளபளவென்று இருக்க வேண்டும், அங்கே எண்ணெய் ஓயாமல் ஊற்றுகிறார்கள். கிளாஸ் வார்னிஷில் துளி பர்ன்ட் அம்பர் கலந்து மூட்டுகளில் தொட்டு வையுங்கள். ராடில் மேட் பவுடர் பூசினால் ஓடாத வண்டி ஆகிவிடும்.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: ஊட்டி வண்டியின் படங்களை மாதிரியாக வைக்காதீர்கள். அது மீட்டர் கேஜ் பல்சக்கர இன்ஜின், அடியில் கிரீஸ் அதிகம். திருச்சி பொன்மலை ரயில் பணிமனையில் கட்டியவற்றில் எண்ணெயில் எரிபவையும் உண்டு, அவற்றில் சாம்பலும் கரித்தூளும் இருக்காது.

குறும்பாதை:

மிக்க நன்றி, இருவருக்கும். ஆயில் வாஷ் விகிதம் என்ன? பவுடரை வார்னிஷ் அடித்து மூட வேண்டுமா? சோதனைத் துண்டில் மேட் வார்னிஷ் அடித்ததும் பவுடர் பாதி காணாமல் போனது, அதோடு ஒரு மூலையில் பால் போல வெளுத்துவிட்டது.

புகைக்கூண்டு:

வாஷ்: ஆயில் பெயின்ட் 1, வாசனையற்ற மினரல் டர்பன்டைன் 10. பர்ன்ட் அம்பரும் லாம்ப் பிளாக்கும் சம அளவு. குழாயிலிருந்து எடுத்ததை ஒரு மணி நேரம் அட்டை மேல் வையுங்கள், அட்டை லின்சீட் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். இல்லையென்றால் வாஷ் நாள்கணக்கில் காயாமல் மினுங்கும். உடல் முழுக்க ஊற்றாமல் ரிவெட் வரிசை, பலகை இடுக்குகளில் மட்டும் தொட்டு விடுங்கள். ஏபிஎஸ் மேல் டர்பன்டைன் தேங்கக் கூடாது. வார்னிஷ் படாத உட்புறத்தில், அதுவும் திருகு இறுக்கிய இடத்தில் புகுந்தால் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

பவுடரை மூட வேண்டாம் என்பது என் கருத்து. வார்னிஷின் ஈரத்தில் தூள் நிறம் இழக்கும், நுட்பமெல்லாம் போய்விடும்.

மாடித்தடம்:

கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் மாடலுக்கு அது சரி. இது மாடித் தோட்டத்தில் ஓடுவது, பேட்டரி மாற்ற ஒவ்வொரு முறையும் கையால் தூக்குவார்கள். மூடாவிட்டால் ஒரு மாதத்தில் டேங்க் இரு பக்கமும் விரல் அச்சு.

இடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். பிடித்துத் தூக்கும் இடங்கள், அதாவது டேங்க் பக்கமும் கேப் கீழ்ப்பகுதியும், அங்கே பவுடரே வேண்டாம். ஆயில் வாஷும் ஏர்பிரஷில் தூசிப் பூச்சும் போதும். ஏர்பிரஷ் என்றால் 0.3 மி.மீ. முனை, காற்றழுத்தம் 12-15 பிஎஸ்ஐ, பெயின்ட் ஒன்றுக்குத் தின்னர் நான்கு. இவற்றின் மேல் சாட்டின் வார்னிஷ் அடித்து மூடிவிடலாம். சட்டகம், சக்கரம், முன் பீம் ஆகியவற்றில் பவுடரைத் தூவி, டர்பன்டைன் தோய்த்த தூரிகை நுனியால் பக்கத்தில் தொடுங்கள். திரவம் தானே பரவும், காய்ந்ததும் தூள் ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஈரத்தில் நிறம் கறுத்துத் தெரியும், காய்ந்த பின் பாருங்கள். கேப் கூரையிலும் புகைபோக்கியிலும் வெறும் பவுடர், யாரும் அங்கே தொடுவதில்லை. கியர் பெட்டியையும் அச்சுகளையும் முதலில் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். கிரீஸில் தூள் சேர்ந்தால் அரம் போலத் தேய்க்கும்.

பால் போல வெளுத்தது காற்றின் ஈரத்தால். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரம் படிகிறது. கடலோர ஊர்களில் காலை, மாலை ஸ்ப்ரே வேண்டாம். மழையில்லாத நாளில் பகல் 11 முதல் 3 மணி வரை. கேனை இரண்டு நிமிடம் முழுதாகக் குலுக்குங்கள், மேட் கேனில் அடியில் தங்கும் தூளும் இதே மாதிரி வெளுக்கும். வெளுத்த இடத்தில் மெல்லிய கிளாஸ் பூச்சு ஒன்று அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும், பிறகு சாட்டின்.

அடுத்தவர் பொருள் என்பதால் ஒன்று. டீக்கால் மேல் அடித்த அந்த கிளாஸ் பூச்சு நன்றாக இறுகிய பிறகே அழுக்கைத் தொடங்குங்கள். அதற்கு மேல் போட்ட ஆயில் வாஷை ஒரு நாளுக்குள் டர்பன்டைனால் துடைத்து எடுக்கலாம், மூடாத பவுடரை சோப்பு நீரில் கழுவலாம். அடியிலுள்ள எழுத்தும் நீலமும் அசையாது. எனவே ஒரு பக்கத்தை மட்டும் முடித்து, வெயிலில் வைத்துப் படம் எடுத்து நண்பருக்கு அனுப்புங்கள். மேசை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் பழுப்பு நிறங்கள் அளவுக்கு மீறிக் குறைவாகத் தெரியும், அதை நம்பி மேலும் மேலும் பூசிவிடுவோம். அவர் சரி என்ற பிறகு மறுபக்கம், அதன் பின் சாட்டின்.

நீர்வழுக்கி:

ஒரு திருத்தம்: 779 மாஸ்கில் அடித்த வெள்ளை மேலும் ஒரு நாள் காயட்டும், அதன் பிறகே டேங்க் டீக்காலுக்கு மைக்ரோ சால் எடுங்கள். புது அக்ரிலிக் வெள்ளையில் சால் வழிந்தால் விளிம்பு இளகும். கேப் பக்கத்தை டேப் வைத்து மறைத்துக்கொள்வது இன்னும் நல்லது.