சலெந்தோ குடாநாட்டின் பழைய துறைமுக நகரங்கள்: எவற்றைத் தெரிவு செய்யலாம்?

கேள்வி: முத்தையன்கட்டு

வணக்கம். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. இத்தாலியின் தென்கிழக்கு முனையிலுள்ள சலெந்தோ குடாநாட்டின் லெச்சே நகரில் மகளும் மருமகனும் வேலை செய்கிறார்கள். வரும் மே மாதம் நானும் கணவரும் அவர்களிடம் சென்று சில வாரங்கள் தங்குவதற்கு விசாவுக்கு ஆயத்தமாகிறோம். மன்னார்ப் பகுதியின் பண்டைய மாந்தைத் துறையில் கிடைத்த சீன மட்பாண்ட ஓடுகளைப் பற்றி மாணவர்களுக்குப் பல காலம் கற்பித்த எனக்கு, அந்தக் கரையின் ஒத்ராந்தோ, கல்லிப்போலி, பிரிந்திசி ஆகிய துறைமுக நகரங்களைப் பார்க்க வேண்டும் என்பதே பெரிய ஆவல். ஆனால் கணவருக்கு முழங்கால் வலி. மருமகனிடம் வாகனம் இல்லை. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஓய்வு. மூன்றையும் பார்ப்பது சாத்தியமா, இல்லையெனில் எதை விடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையேன்.

பதில்: பனங்காமத்தான்

வணக்கம் அம்மா. வவுனியாவிலிருந்து சலெந்தோவுக்கு வந்து குடியேறியவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் ஒன்றைக் கூறிவிடுகிறேன்: லெச்சேயைச் சுற்றியுள்ள சிறு ஊர்களை இணைக்கும் உள்ளூர்ப் புகையிரதங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மிக அரிது. எனவே மருமகனின் ஓய்வுநாளுக்காகக் காத்திராமல், கல்லிப்போலிக்கும் ஒத்ராந்தோவுக்கும் வாரநாட்களில் நீங்கள் இருவருமே சென்று வருவது நல்லது. கல்லிப்போலிக்குச் சுமார் ஒரு மணிநேரப் பயணம்; ஒத்ராந்தோவுக்குப் பொதுவாக மாலியே நிலையத்தில் வண்டி மாற வேண்டும்.

ஒரேயொரு நகரத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் ஒத்ராந்தோவையே சொல்வேன். அங்குள்ள பேராலயத்தின் தரை முழுவதையும் பந்தலெயோனே என்ற துறவியின் வழிகாட்டலில் 1163 முதல் 1165 வரை சிறு கற்களால் பதித்திருக்கிறார்கள். வாசலிலிருந்து பீடம் நோக்கி வளரும் ஒரு பெருமரம், அதன் கிளைகளுக்கிடையே நோவாவின் பேழை, பாபேல் கோபுரம், மகா அலெக்சாந்தர், ஆதர் அரசன், பன்னிரு மாதங்களின் தொழில்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. அந்த மரத்தின் அடியைத் தாங்கி நிற்பவை இரண்டு யானைகள். வேலிக்கு வெளியே யானை நிற்கிறதா என்று இரவில் எட்டிப் பார்த்து வளர்ந்த நம்மவருக்கு, அவற்றை யானை நடமாடாத நாட்டில் ஒருவர் எப்படிக் கற்பனை செய்தார் என்று பார்ப்பதே தனிச் சுவை.

அதே ஆலயத்தின் ஒரு சிற்றாலயத்தில் கண்ணாடிப் பேழைகளுக்குள் மண்டையோடுகளும் எலும்புகளும் அடுக்கப்பட்டுள்ளன. 1480 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒத்தோமன் படை நகரைக் கைப்பற்றிய பின்னர் கொல்லப்பட்ட 813 பேரின் எச்சங்கள் என அவை வணங்கப்படுகின்றன. 2013 இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களைப் புனிதர்களாக அறிவித்தார். நம் மண்ணிலிருந்து செல்பவர்களுக்கு அந்த இடம் கடினமாக இருக்கலாம் என்பதால், உள்ளே நுழையும் முன்னரே கணவரிடம் சொல்லி வையுங்கள்.

கல்லிப்போலியின் பழைய நகர் ஒரு தீவு. பாலம் ஒன்றால் கரையோடு இணைகிறது. நிலம் பெரும்பாலும் சமதரை என்பதால் முழங்காலுக்குச் சிரமம் குறைவு. பாறையைக் குடைந்து நிலத்தடியில் அமைத்த எண்ணெய்ச் செக்கைத் தவறவிடாதீர்கள். ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகளும் வீட்டு விளக்குகளும் ஒலிவ எண்ணெயில் எரிந்த காலத்தில், விளக்கெரிக்கும் அந்த ஒலிவ எண்ணெய்க்குப் பெயர்பெற்ற ஏற்றுமதித் துறையாக இவ்வூர் இருந்தது. குளிரில் எண்ணெய் உறையாமலிருக்கவே செக்குகளை நிலத்தடியில் வைத்தார்கள். ஆட்களும் செக்கிழுக்கும் விலங்குகளும் பிழிவுக் காலம் முழுவதும் அந்த இருளிலேயே கிடந்தார்கள். வாயுவும் மண்ணெண்ணெயும் வந்ததும் அந்த வணிகம் சரிந்தது. புகையிரத யன்னலால் பார்த்தால் பட்டுப்போன ஒலிவ மரங்கள் வெகுதூரம் தெரியும். அது 2013 இல் இப்பகுதியில் கண்டறியப்பட்ட சைலெல்லா என்ற பக்டீரியாவின் வேலை. மீன் சந்தையில் ஊதா நிற இறாலைப் பச்சையாகவே உண்பார்கள். நான் இன்னும் துணியவில்லை.

பிரிந்திசியை விட்டுவிடலாம். அது இன்றைக்குப் பெரும்பாலும் கப்பலேறும் ஊர்தான்.

பதில்: நாயாற்றுக்கரை

பனங்காமத்தாரின் மற்ற ஆலோசனைகளை ஏற்கிறேன். ஆனால் கேட்பவர் வரலாற்று ஆசிரியை என்பதை அவர் மறந்துவிட்டார் போலும். கி.மு. 312 இல் உரோமிலிருந்து தொடங்கிய அப்பியப் பெருவீதி, பிற்பாடு நீட்டப்பட்டு வந்து முடிந்த இடம் பிரிந்திசி. துறைமுகத்தை நோக்கிய படிக்கட்டின் உச்சியில் ஓர் உரோமத் தூண் இன்னும் நிற்கிறது; அதன் இணைத்தூண் 1528 இல் இடிந்து விழ, அந்தக் கற்கள் பின்னாளில் லெச்சேக்குக் கொடுக்கப்பட்டன. அவற்றால் எழுப்பிய தூணின் மேல்தான் லெச்சேயின் காவலரான புனித ஒரொன்சோவின் சிலையை வைத்தார்கள். ஆகவே மகளின் ஊர்ச் சதுக்கத்தில் நீங்கள் பார்க்கப்போகும் தூணுக்கு இங்கேதான் பிறப்பிடம்.

இன்னொன்றும் உண்டு. சுயெஸ் கால்வாய் 1869 இல் திறக்கப்பட்ட பின்னர், 1870 முதல் 1914 வரை இலண்டனிலிருந்து கிழக்கு நாடுகளுக்கான தபால், புகையிரதத்தில் பிரிந்திசி வந்து, அங்கிருந்து கப்பலேறியது. 'பிரிந்திசி வழியாக' என்று எழுதப்பட்ட அக்கால இலங்கைத் தபாலுறைகளைச் சேகரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். லெச்சேயிலிருந்து பிரிந்திசிக்குப் பிரதான பாதையில் அரைமணி நேரம்தான்; அந்தப் பாதையில் ஞாயிற்றுக்கிழமையும் வண்டிகள் ஓடும். மருமகனோடு போக வேண்டிய ஊர் இதுவே.

பதில்: முத்தையன்கட்டு

இருவருக்கும் மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமைச் சிக்கல் இவ்வளவு எளிதாகத் தீரும் என்று எதிர்பார்க்கவில்லை. படிக்கட்டைத் தவிர்த்துத் தூணடிக்குச் செல்ல வழியுண்டா? விசாவைப் பற்றியும் ஒரு சொல் கூறினால் உதவியாயிருக்கும்.

பதில்: நாயாற்றுக்கரை

மேலே உள்ள பழைய நகர் வீதிகளின் வழியாக வந்தால் படியேறத் தேவையில்லை. பிறகு ஐயா களைப்பாறுவதற்குத் துறைமுகத்தைக் குறுக்காகக் கடக்கும் சிறு படகில் ஏறுங்கள். எதிர்க்கரையில் 1933 இல் எழுப்பிய, கப்பலின் சுக்கான் வடிவிலான மாலுமிகள் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆலயங்களுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்; சேலைக்கு அந்தக் கவலை இல்லை. நண்பகலுக்குப் பின் பல ஆலயங்களும் கடைகளும் சில மணிநேரம் பூட்டியிருக்கும் என்பதால் காலையிலேயே புறப்படுங்கள்.

விசாவுக்குப் பயணத்திற்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். மகளின் அழைப்புக் கடிதமும், குறைந்தது 30,000 யூரோ வரை மருத்துவச் செலவை ஏற்கும் காப்புறுதியும் கேட்பார்கள். மே மாதத்துக்கு முந்திய வாரங்கள்வரை ஒத்திப்போடாதீர்கள். கொழும்புக்குப் போய்வரும் அலைச்சலையும் கணக்கில் எடுங்கள்.