காண்ட்ரா: ஆர்கேட் மூலமும் வீட்டுக் கேசட்டும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

வைகைக்கரை வாசகன் (அண்ணாநகர், மதுரை)

வணக்கம். டவுன்ஹால் ரோட்டில் அப்பா வாங்கித் தந்த டிவி கேம் பெட்டியில்தான் நானும் என் அண்ணனும் காண்ட்ரா என்ற, ஓடிக்கொண்டே எதிரிகளைச் சுடும் விளையாட்டை ஆடிப் பழகினோம். சித்திரைத் திருவிழாவுக்கு அண்ணன் குடும்பத்தோடு வருவதால், இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடட்டும் என்று அதை உருவாக்கிய ஜப்பானிய நிறுவனமான கொனாமி 2019இல் வெளியிட்ட பழைய காண்ட்ரா விளையாட்டுகளின் தொகுப்பைக் கணினியில் வாங்கினேன். அதிலிருந்த 1987ஆம் ஆண்டின் ஆர்கேட் மூலத்தை, அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரத்துக்கான முதல் பதிப்பை, இப்போதுதான் முதன்முறையாக ஆடினேன். திரை நெட்டுவாக்கில் குறுகியிருப்பதால் எதிரிகள் கண்ணுக்குப் பட்டவுடனேயே மேலே வந்து விழுகிறார்கள். கோட்டைக்குள் நுழைந்தால் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. பனிப்பகுதியும் அதன் பின் வரும் இடங்களும் இடைவெளியே இல்லாமல் கடந்து போய்விடுகின்றன. நாங்கள் ஆடிய கேசட் இந்த மூலத்தின் சுருக்கப்பட்ட நகலா, அல்லது வேறொரு விளையாட்டா? எங்களிடம் இருந்தது ஜப்பானியப் பதிப்பா, அமெரிக்கப் பதிப்பா என்று கண்டறிய வழி உண்டா?

திருநகர் கேசட் சேகரிப்பாளர்

ஐயா, அதை நகல் என்று சொல்வது கொனாமியின் உழைப்புக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். 1988இல் நிண்டெண்டோ நிறுவனத்தின் ஜப்பானிய வீட்டு விளையாட்டுக் கருவியான ஃபேமிகாமுக்கும், அதன் அமெரிக்க வடிவமான என்இஎஸ் கருவிக்கும் காண்ட்ராவைக் கொண்டுவந்தவர்கள், ஆர்கேட் இயந்திரத்தின் வலு தங்களிடம் இல்லை என்பதை உணர்ந்து, படங்களை அப்படியே பெயர்ப்பதற்குப் பதிலாக ஆட்டத்தையே வீட்டுக்கு ஏற்பத் திருத்தி அமைத்தார்கள். வீட்டுத் தொலைக்காட்சி அகலமானது என்பதால் முதல் காட்டுப் பகுதியில் முன்னே இருப்பது தெளிவாகத் தெரிகிறது; குண்டு வருவதைப் பார்த்து, குனிவதா தாவுவதா என்று முடிவெடுக்க ஆடுபவருக்கு அவகாசம் கிடைக்கிறது. கோட்டைகளில் ஆர்கேட் மூலத்துக்கு உரிய கிளைவழிகளையும் நேரக்கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டு, நேராக முன்னேறும் அறைகளாக மாற்றினார்கள். பனிவெளி, ஆற்றல் நிலையம், கிடங்கு, வேற்றுக்கிரகவாசியின் குகை ஆகிய நான்கும் மூலத்தில் ஒரே நீண்ட இறுதிக் கட்டத்தின் பகுதிகள். வீட்டுப் பதிப்பில் அவை தனித்தனிக் கட்டங்களாக விரிந்ததால்தான் மொத்தம் எட்டுக் கட்டங்கள் கிடைத்தன. காசு போட்டு ஆடும் இயந்திரம் ஆடுபவரைச் சில நிமிடங்களில் வெளியேற்றியாக வேண்டும். ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய கேசட்டோ ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஈடுகொடுக்க வேண்டும். நீங்கள் கண்ட வேறுபாடுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து பிறந்தவையே.

தங்கள் இரண்டாம் கேள்விக்கு வழி உண்டு. ஜப்பானியக் கேசட்டில் கொனாமி தன் சொந்தச் சில்லான விஆர்சி 2ஐப் பொருத்தியிருந்தது. பின்னணிப் படங்களை விரைவாக மாற்ற அது உதவியதால் முதல் கட்டத்தில் இலைகள் அசையும், பனிவெளியில் பனி வீசும், கட்டங்களுக்கு முன் வரைபடம் தோன்றும். அமெரிக்காவில் கேசட்டுகளை நிண்டெண்டோ நிறுவனமே தயாரித்து வழங்கியதால் அந்தச் சில்லுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. அசைவுகளும் இடைக்காட்சிகளும் நீக்கப்பட்டன. உங்கள் நினைவில் இலைகள் அசைகின்றனவா?

பழங்காநத்தம் ஆர்கேட் அன்பர்

மேலே உள்ள விளக்கம் சரியானதே. ஆனாலும் மூலத்துக்காக ஒருவர் பேச வேண்டும். அருவிக் கட்டத்தை ஆர்கேடில் ஆடிப் பாருங்கள். மேல்நோக்கி ஏறும் அந்தக் கட்டத்துக்கு நெட்டுத்திரை மிகவும் பொருந்துகிறது. வீட்டுப் பதிப்பில் ஒருவர் அவசரமாக ஏறினால், திரை மேலே நகர்ந்து, கீழே நிற்கும் கூட்டாளி உயிரிழந்துவிடுவார் (பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் சண்டை வரும்). கோட்டையில் ஓடும் கடிகாரமும் எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. எதிரியின் கூடாரத்துக்குள் புகுந்தவனுக்கு இருக்க வேண்டிய பதைப்பை அதுதான் தருகிறது. யமஹா ஒய்எம் 2151 சில்லில் ஒலிக்கும் அந்த இசையின் அடர்த்தியையும் ஃபேமிகாமின் ஐந்து ஒலித்தடங்களால் எட்ட முடியவில்லை.

உண்மையாகவே இடர்ப்பட்ட பதிப்புகள் வேறு உள்ளன. ஆம்ஸ்ட்ராட் சிபிசி கணினிக்கு ஓஷன் நிறுவனம் கிரைசார் என்ற பெயரில் கொண்டுவந்த பதிப்பும், எம்எஸ்எக்ஸ் 2 கணினிக்குக் கொனாமியே செய்த பதிப்பும் திரையைத் தொடர்ச்சியாக நகர்த்த இயலாமல், பக்கம் பக்கமாக மாற்றின. ஓடிக்கொண்டே சுடுவதுதான் காண்ட்ராவின் உயிர் என்பதால், ஒவ்வொரு விளிம்பிலும் அந்த ஓட்டம் அறுபடுவது பெரிய இழப்பு.

திருமங்கலம் டிவி பழுதுபார்ப்பவர்

வேகத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இந்த ஆட்டம் நொடிக்கு 60 படங்கள் என்ற கணக்கில் ஓடியது. நம் நாட்டுத் தொலைக்காட்சி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில், நொடிக்கு 50 என்ற கணக்கில் இயங்கியது. அதற்கேற்பச் செய்யப்பட்ட பெட்டிகளில் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடி என்று கணக்கிட்டு நகரும் ஆட்டம் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். இசையின் தாளமும் அப்படியே. ஆகவே அந்தத் தொகுப்பில் வீட்டுப் பதிப்பைத் திறந்தாலும் தங்கள் கைக்கு அது சற்று வேகமாகத்தான் தெரியும்.

வைகைக்கரை வாசகன்

மூவருக்கும் நன்றி. அண்ணனிடம் தொலைபேசியில் கேட்டேன். இலை அசைந்ததாகவோ வரைபடம் வந்ததாகவோ அவருக்கும் நினைவில்லை. எங்களிடம் இருந்தது பல ஆட்டங்கள் அடங்கிய கேசட். அதன் பட்டியலில் காண்ட்ரா என்ற பெயரே பலமுறை வரும், அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தால் தொடக்கத்திலேயே 30 உயிர்கள் இருக்கும்.

திருநகர் கேசட் சேகரிப்பாளர்

அப்படியென்றால் அது அமெரிக்கப் பதிப்பை அடிப்படையாகக் கொண்டதாகவே இருக்க வேண்டும். 30 உயிர்கள் தரும் ரகசியக் குறி, அதாவது மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்ற வரிசை, அசல் கேசட்டிலேயே உண்டு. தொகுப்பில் என்இஎஸ் பதிப்பைத் தேர்ந்து, தலைப்புத் திரையில் அதை அழுத்திய பின், இருவர் ஆடுவதற்கு செலக்ட் பொத்தானையும் தட்டி ஸ்டார்ட் கொடுங்கள். பிள்ளைகள் அதில் கைபழகட்டும். பிறகு அதே தொகுப்பில் உள்ள ஃபேமிகாம் பதிப்பில் பனிவெளியைக் காட்டுங்கள். ஆர்கேட் மூலத்தை அண்ணனும் தாங்களும் முதலில் ஆடுங்கள், பழங்காநத்தத்து நண்பர் சொல்லும் அருவிவரையாவது.