வலங்கைமான் பக்கம்: தங்கச்சிக்கு முதல் சுற்றில் அழைப்பு வரல, தனியார் கல்லூரிக்குப் பணம் கட்டிடலாமா?

குடமுருட்டிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி பிளஸ் டூ முடிச்சிருக்கா. ஆறாவதுலேருந்து அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், ப்யூர் சயின்ஸ் குரூப், 600க்கு 447. பி.எஸ்சி. வேதியியல் படிக்கணும்னு ஆசைப்படுறா. பிரவுசிங் சென்டர்ல டிஎன்காசா (அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கைத் தளம்) விண்ணப்பம் போட்டுக் குடுத்தாங்க. கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரி, வேதியியல் ஒண்ணுதான் பதிஞ்சிருக்கு. பொதுக் கலந்தாய்வு முதல் சுற்றுல கூப்பிடல. அவளைவிடக் குறைச்சலா மார்க் வாங்கின பொண்ணுக்கு அழைப்பு வந்திருக்கு, அது எப்படின்னும் புரியல.

இதுக்கு நடுவுல ஒரு தனியார் கல்லூரியிலேருந்து ஆள் வீட்டுக்கே வந்துட்டாங்க. பத்தாயிரம் முன்பணமும் ஒரிஜினல் டிசியும் குடுத்தா இடம் உறுதியாம், நாளைக்கே முடிவு சொல்லணுமாம். அம்மா கட்டிடலாம்ங்கறாங்க. அப்பாவுக்கு வயல் வேலை, ஹாஸ்டல் செலவு தாங்காது. தினமும் வீட்டுக்கு வந்து போற மாதிரி வேற என்ன வழி இருக்கு?

நீடாமங்கலம் ஜங்ஷன்:
தம்பி, மத்ததெல்லாம் அப்புறம். டிசியைக் குடுத்துடாதீங்க. அடுத்த சுற்றுல கூப்பிட்டாங்கன்னா கலந்தாய்வு மேசையில முதல்ல கேக்கறதே அதைத்தான். அது அங்க மாட்டிக்கிச்சுன்னா அரசுக் கல்லூரி இடம் கண்ணு முன்னாடியே போயிடும். அந்த ஆளுங்க டிசியைக் குறியா கேக்கறதும் அதுக்குத்தான்.

ஒரிஜினல் சான்றிதழைச் சரிபார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துடணும், பிடிச்சு வெச்சுக்கக் கூடாதுன்னு பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யூஜிசி, 2018 அக்டோபர்லயே அறிவிக்கை போட்டாச்சு. கட்டின பணத்துக்கும் அதுலயே கணக்கு இருக்கு. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளோ அதுக்கு மேலயோ இருக்கறப்பவே விலகினா, செயலாக்கக் கட்டணம்னு கொஞ்சம் பிடிச்சது போக முழுசா திரும்பணும். 15 நாளுக்குள்ளன்னா 90 சதவீதம். தேதி முடிஞ்சு 15 நாள் வரை 80, அதுக்கு மேல 30 நாள் வரை 50. அதையும் தாண்டினா ஒண்ணும் கிடையாது. விதி இருக்குங்கறதுக்காக யாரும் கூப்பிட்டுக் குடுக்க மாட்டாங்க, கேட்டுத்தான் வாங்கணும். அதனால இப்பக் கட்டவே வேணாம்.

மேசைக்காரர்:
சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து பழக்கப்பட்டவன் என்பதால் சொல்கிறேன். 447 என்ற கூட்டுத்தொகை இங்கே பார்க்கப்படுவதே இல்லை. பி.ஏ. தமிழுக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண், மற்ற பாடங்களுக்கு மொழிகளைக் கழித்துவிட்டு நான்கு பாடங்களின் 400 என்று தரவரிசையே தனித்தனி. அதன் மேல் இட ஒதுக்கீடு: பொது 31, பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1 சதவீதம். அந்தப் பெண்ணுக்கு அழைப்பு வந்ததற்கு இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். மதிப்பெண்ணைப் பிரித்துப் போடுங்கள்.

குடமுருட்டிக்கரை:
தமிழ் 93, ஆங்கிலம் 61, இயற்பியல் 66, வேதியியல் 74, தாவரவியல் 78, விலங்கியல் 75.

மேசைக்காரர்:
ஆக அவருடைய எண் 293. வேதியியலுக்கு அடிதடி அதிகம். முதல் சுற்றில் வராதது ஆச்சரியமில்லை, அதற்காகக் கதவு மூடிவிட்டது என்றும் இல்லை. சேர்ந்தவர்களில் நர்சிங், பொறியியல் பக்கம் இடம் கிடைத்தவர்கள் கிளம்புவார்கள், பட்டியல் கீழே இறங்கும். அடுத்த சுற்று அறிவிப்பைக் கல்லூரி இணையதளத்திலும் அறிவிப்புப் பலகையிலும் பாருங்கள். குறுஞ்செய்தியை மட்டும் நம்பி உட்காராதீர்கள், பிரவுசிங் சென்டர்காரர் தன் எண்ணைக் கொடுத்திருந்தால் உங்களுக்கு வராது.

ஷிப்ட் ஒன்று, ஷிப்ட் இரண்டு, தமிழ் வழி, ஆங்கில வழி எல்லாம் தளத்தில் தனித்தனித் தெரிவுகள். ஒன்றை மட்டும் பதிந்திருந்தால் மற்றதற்கு உங்கள் பெயர் போகாது. சுற்றுகள் முடிந்து காலியிடம் இருந்தால் மறுபடி விண்ணப்பம் வாங்குவதுண்டு. தாவரவியல், விலங்கியலில் பெரும்பாலும் அப்போது இடம் இருக்கும். 93 வைத்துக்கொண்டு பி.ஏ. தமிழ் போடாமல் விட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தரவரிசையில் பெயர் நல்ல உயரத்தில் இருந்திருக்கும். விருப்பம் இருந்தால் மட்டும் யோசிக்கட்டும்.

வெற்றிலைக்கொடி:
தம்பி, நான் அதே மகளிர் கல்லூரியில படிச்சவ. வலங்கைமான்லேருந்து கும்பகோணம் பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. மன்னார்குடி, நீடாமங்கலம் வண்டியெல்லாம் அந்த வழிதானே. அரசு டவுன் பஸ்ல பொண்ணுங்களுக்கு டிக்கெட்டே கிடையாது. ஷிப்ட் ரெண்டு கிடைச்சா அம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க. மதியம் தொடங்கி சாயந்திரம்தான் விடுவாங்க, கார்த்திகை மார்கழியில வீட்டுக்கு வர்றப்ப இருட்டிடும். எங்க வீட்டுல அதுக்கே ஒரு பஞ்சாயத்து நடந்தது.

குடவாசல்லயும் நன்னிலத்துலயும் அரசு கலைக் கல்லூரி வந்தாச்சு. திருவாரூர்ல திரு.வி.க. கல்லூரி, மன்னார்குடியில ராஜகோபாலசுவாமி கல்லூரி, தஞ்சாவூர்ல குந்தவை நாச்சியார். பேரைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, உங்க ஊர் நிறுத்தத்துல காலையில எட்டு மணிக்கு எந்த வண்டி நிக்குதுன்னு பாருங்க. ரெண்டு பஸ் மாறுற கல்லூரின்னா மழைக்காலத்துல முதல் வகுப்பு போச்சுன்னு எழுதி வெச்சுக்கலாம்.

நீடாமங்கலம் ஜங்ஷன்:
புதுமைப் பெண் திட்டத்தை யாருமே சொல்லலையே. ஆறாவதுலேருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளின்னா படிப்பு முடியற வரைக்கும் மாசம் ஆயிரம் ரூபாய். 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது. கல்லூரி மூலமாத்தான் பதியணும். பணம் பொண்ணு பேர்ல இருக்கற கணக்குக்கு வரும், ஆதார் இணைச்சிருக்கான்னு பேங்க்ல இப்பவே பாத்துடுங்க. ஆறாவதுலேருந்து அந்தப் பள்ளியிலதான் படிச்சான்னு சான்று கேப்பாங்க. நடுவுல பள்ளி மாறியிருந்தா ரெண்டு இடத்துக்கும் நடக்கணும்.

காவேரி டெல்டா பையன்:
கிடைச்சா ஆங்கில வழி எடுங்க அண்ணா. வேதியியலை தமிழ்ல படிச்சுட்டு எம்.எஸ்சி. போனா முதல் வருஷம் திணறணும். பக்கத்துப் பெஞ்சுக்காரங்க பட்ட பாட்டைப் பாத்திருக்கேன்.

மேசைக்காரர்:
அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், டிஎன்பிஎஸ்சியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழ் வழியில் இருந்தால் போதாது, பள்ளியிலிருந்தே அப்படி இருக்க வேண்டும். இந்தப் பெண் ஆறாவதிலிருந்து அப்படித்தான் படித்திருக்கிறார். ஆங்கில வழிப் பட்டம் எடுத்தால் குரூப் 1, குரூப் 2 போன்ற பட்டத் தகுதித் தேர்வுகளில் அந்த முன்னுரிமை போய்விடும். குரூப் 4க்குத் தகுதி பத்தாம் வகுப்புதான் என்பதால் அதற்குப் பாதிப்பில்லை. மேற்படிப்பா, அரசு வேலையா என்று அவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். நமக்கு இங்கே உட்கார்ந்து என்ன தெரியும்.

குடமுருட்டிக்கரை:
எல்லாருக்கும் நன்றிங்க. அவளுக்கு டீச்சர் ஆகணுமாம், தமிழ் வழியே போதும்ங்கறா. அம்மாகிட்ட டிசி விஷயத்தைச் சொன்னேன், அந்த ஆளுக்கு இப்போதைக்கு வேணாம்னு சொல்லிட்டோம். நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகம் பக்கம்தானே, அங்க இப்பப் போட முடியுமா?

காவேரி டெல்டா பையன்:
அங்க சேர கியூட்னு ஒரு நுழைவுத் தேர்வு இருக்கு, அதை எழுதியிருக்காளா? இல்லைன்னா இந்த வருஷம் விட்டுடுங்க. பிளஸ் டூ பொதுத்தேர்வு நடக்கற சமயத்துலயே அதுக்கு விண்ணப்பம் முடிஞ்சிடும், நம்ம பள்ளிகள்ல நிறைய பேருக்குத் தெரியறதே ரிசல்ட்டுக்கு அப்புறம்தான். அடுத்த வருஷம் எழுதறவங்க ஒண்ணு கவனிங்க. பி.சி., எம்.பி.சி. ஜாதிச் சான்று அங்க செல்லாது. மத்திய அரசு படிவத்துல ஓபிசி சான்று தனியா தாலுகா ஆபீஸ்ல வாங்கணும், அதுவும் அந்த நிதியாண்டுல வாங்கினதா கேப்பாங்க.

மேசைக்காரர்:
ஆசிரியர் என்றால் பட்டத்துக்குப் பின் பி.எட். இருக்கிறது. எந்தப் பாடத்தில் பட்டமோ அதை ஒட்டித்தான் பி.எட். பாடமும். தாவரவியல் கிடைத்தாலும் அந்தக் கனவுக்குக் குறைவில்லை.

பாபநாசம் அக்கா:
இதுலயே ஒரு கேள்வி கேட்டுக்கறேன். எனக்கு 34 வயசு, பிளஸ் டூவோட கல்யாணம். இப்ப டிகிரி படிக்கணும், தினமும் கல்லூரி போக வழியில்லை.

வெற்றிலைக்கொடி:
தாராளமா படிங்க அக்கா. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002லேருந்து இருக்கு, அரசுக் கல்லூரிகள் பலதுல அதோட மையம் நடக்குது. மத்திய அரசோட திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இக்னோவும் இருக்கு, அங்க ஜனவரி, ஜூலைன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை சேர்க்கை. எதுல சேர்ந்தாலும் அந்தப் படிப்புக்கு அந்த வருஷத்துக்கு யூஜிசியோட தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி இருக்கான்னு பாத்துட்டுப் பணம் கட்டுங்க. ஆனா புதுமைப் பெண் பணம் தொலைநிலைப் படிப்புக்கு வராது.

குடமுருட்டிக்கரை:
சொல்ல மறந்துட்டேன், இன்னிக்கு கல்லூரிக்கே நேர்ல போனோம். அடுத்த சுற்றுத் தேதி பலகையில ஒட்டியிருக்கு, 285 வரைக்கும் வரச் சொல்லியிருக்காங்க. மேசைக்காரர் ஐயா சொன்ன மாதிரியே அந்த பிரவுசிங் சென்டர் நம்பர்தான் விண்ணப்பத்துல இருக்கு.

நீடாமங்கலம் ஜங்ஷன்:
டிசி, பத்தாவது, பிளஸ் ஒன், பிளஸ் டூ மார்க் லிஸ்ட், ஜாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், பாஸ்புக், போட்டோ. எல்லாத்துலயும் ஜெராக்ஸ் அஞ்சு செட் இங்கேயே எடுத்துட்டுப் போங்க, கல்லூரி வாசல் கடையில அன்னிக்கு வரிசை நிக்கும்.