கிரிப்டோ: ‘உரிமம் இருக்கே, அப்புறம் என்ன பயம்?’ உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

செங்காங் கணக்கர்

2024 டிசம்பரில் பிட்காயின் என்ற கிரிப்டோ (மின்னிலக்க) நாணயத்தின் விலை ஒரு லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டியதிலிருந்து என்னிடம் வரும் கேள்வியே மாறிவிட்டது. முன்பெல்லாம் ‘இது நிஜப் பணமா, ஏமாற்று வேலையா?’ என்பார்கள். இப்போது ‘சிங்கப்பூர் நாணய ஆணையமே உரிமம் கொடுத்திருக்கு, அப்புறம் என்ன பயம்?’ என்கிறார்கள். சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில், அதனால் இது அடிக்கடி காதில் விழுகிறது. விலை ஏறுமா இறங்குமா என்ற பேச்சு எங்கும் இருக்கிறது. உரிமம் என்றதும் நம்மவர்கள் எதை நம்பிப் பணம் போடுகிறார்கள், பிறகு என்ன நடக்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை. பார்த்ததை, பட்டதை எழுதுங்கள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். தேக்கா பக்கம் மளிகைக்கடை நடத்தும் ஒருவர் கைபேசியை நீட்டினார். ஏதோ ஒரு கிரிப்டோ நிறுவனத்தின் பக்கம். அடியில் பொடி எழுத்தில் உரிம விவரம். ‘பாருங்க தம்பி, வங்கி மாதிரிதானே?’ என்று கேட்டார். வங்கிச் சேமிப்புக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 100,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக் காப்புறுதி இருக்கிறது. 2024 ஏப்ரலுக்கு முன் அது 75,000 வெள்ளி. கிரிப்டோவுக்கு அந்தக் காப்புறுதியில் ஒரு காசுகூடக் கிடையாது.

2020 ஜனவரியில் நடப்புக்கு வந்த கட்டணச் சேவைகள் சட்டத்தின் கீழ்தான் இந்த உரிமம் தரப்படுகிறது. கள்ளப்பணம், பயங்கரவாதத்துக்குப் போகும் பணம் இவற்றைத் தடுப்பதுதான் அப்போது முதல் நோக்கம். வாடிக்கையாளர் யார், பணம் எங்கிருந்து வந்தது என்று நிறுவனம் விசாரிக்கிறதா என்று பார்த்தார்கள். வாடிக்கையாளரின் சொத்தைத் தனியாகப் பிரித்து, வாடிக்கையாளர் சார்பிலான பொறுப்புக் (டிரஸ்ட்) கணக்கில் வைக்க வேண்டும் என்ற விதி அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 2024இல்தான் நடப்புக்கு வந்தது. நாணயத்தின் விலைக்கு யாரும் எந்தக் காலத்திலும் பொறுப்பேற்றதில்லை.

இதையெல்லாம் சொன்னதும் அவர் கேட்டார்: ‘அப்போ அந்தக் காசு நல்லதா கெட்டதான்னு யாருமே பார்க்கலையா?’ எத்தனை சரியான கேள்வி! இதைப் பணம் போடுவதற்கு முன்பே எல்லாரும் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஈசூன் அக்கா

என் தம்பியின் கதை இது, அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், வழக்கு இன்னும் முடியவில்லை.

2021இல் ஒரு தளத்தில் பிட்காயினை வைத்தால் ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு வட்டி என்றார்கள். வங்கி வட்டி அப்போது இருந்த நிலைக்கு அது பெரிய தொகை. உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம், அதுவரை விதிவிலக்கில் நடத்துகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அப்படி நடத்துவதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது, அதனால் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் படித்தவர்கள் மனத்தில் ‘விண்ணப்பித்திருக்கிறோம்’ என்பது ‘கிடைத்துவிட்டது’ என்றே பதிந்தது.

2022 மே மாதம் டெரா, லூனா என்ற கிரிப்டோ நாணயங்கள் இரண்டும் சரிந்தன. லூனா ஏப்ரலில் 100 டாலருக்கு மேல் போயிருந்தது, மே நடுவில் காசு பெறாத நிலைக்கு வந்துவிட்டது. அதை நடத்திய டெராஃபார்ம் லேப்ஸ் இங்கே சிங்கப்பூரில் பதிவான நிறுவனம். அடுத்து, இங்கிருந்தே வளர்ந்த திரீ ஏரோஸ் கேப்பிட்டல் நிதியம் விழுந்தது. அவர்களுக்குக் கடன் கொடுத்தவர்கள், கொடுத்தவர்களுக்குக் கொடுத்தவர்கள் என்று வரிசையாகச் சாய்ந்தார்கள். ஒருநாள் காலை தம்பிக்கு மின்னஞ்சல் வந்தது: ‘சந்தை நிலவரம் காரணமாகப் பணம் எடுப்பதைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கிறோம்.’ அந்தத் தற்காலிகம் இன்றுவரை முடியவில்லை.

பிறகு, விழுந்த நிறுவனத்தின் சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் கலைப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது. சமையலறை மேசையில் வைத்து நானும் அவனும் வரி வரியாகப் படித்தோம். இரண்டு இடங்களில் நின்றுவிட்டோம்.

ஒன்று, அவனைப் ‘பிணையில்லாக் கடன் கொடுத்தவர்’ என்று குறித்திருந்தார்கள். ‘நான் யாருக்கும் கடன் கொடுக்கலையே அக்கா, என் காசைத்தானே வெச்சேன்’ என்றான். பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தோம். வட்டிக் கணக்கில் போடும் நாணயத்தின் உரிமை நிறுவனத்துக்கே மாறும், அவர்கள் அதை யாருக்கும் கடன் தரலாம் என்று நடுப்பக்கத்தில் இருந்தது. நாணயம் அவனுடையது என்று அவன் நினைத்திருந்த காலம் முழுவதும் சட்டப்படி அது அவர்களுடையது.

இன்னொன்று, அவனுக்குச் சேர வேண்டியதை நிறுவனம் விழுந்த நாளின் விலைக்கு வெள்ளியில் கணக்கிட்டிருந்தார்கள். 2022 கடைசியில் பிட்காயின் 16,000, 17,000 டாலரில் கிடந்தது. அதற்குப் பின் அது ஆறு மடங்கு ஏறினாலும் அவன் பெயரில் இருக்கும் தொகை ஏறாது. அதிலும் எத்தனை காசு திரும்பும் என்பது மிச்சச் சொத்தைப் பொறுத்தது. விலை ஏறும் ஒவ்வொரு செய்தியும் அவனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சாதாரண வாடிக்கையாளரின் நாணயத்தைக் கடனுக்கு விடவோ ஸ்டேக்கிங்கில் (வெகுமதிக்காக நாணயத்தைப் பூட்டிவைப்பது) போட்டுத் தரவோ கூடாது என்று ஆணையம் 2023 ஜூலையில் அறிவித்தது. நல்ல விதி. என் தம்பிக்கு ஓராண்டு பிந்திவிட்டது.

பொங்கோல் தம்பி

அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

நான் மாதாமாதம் கொஞ்சம் வாங்குகிறேன், வாங்கியதை எந்த நிறுவனத்திலும் விட்டுவைப்பதில்லை. நாணயத்தின் சாவியை வைக்கும் என் சொந்தக் கருவிக்கு மாற்றிவிடுவேன். அதை மீட்க உதவும் 24 ரகசியச் சொற்கள் காகிதத்தில் எழுதிப் பூட்டிய பெட்டியில் இருக்கின்றன. தொலைந்தால் யாரும் மீட்டுத் தர முடியாது, அது தெரிந்தேதான் வைத்திருக்கிறேன். மொத்தம் 2 கோடியே 10 லட்சம் பிட்காயின்தான் வரும், எந்த அரசும் நினைத்தபோது கூட்ட முடியாது. இதை நான் நம்புகிறேன். 2021 நவம்பரில் 69,000 டாலர் தொட்டது ஓராண்டில் 16,000க்கு வந்ததையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், வீட்டில் பேச்செடுத்தாலே ‘சூதாட்டம்’ என்று முடித்துவிடுகிறார்கள். அப்பா தங்கத்தைத் தவிர எதையும் நம்ப மாட்டார். எதில் போட்டாய், எங்கே வைத்திருக்கிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. தடுக்கிறவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், அக்காவின் தம்பி மாதிரி எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள்.

ஜூரோங் வாசி

2022 நவம்பரை மறக்க முடியாது. எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய கிரிப்டோ வர்த்தகத் தளம் திவாலானது. எங்கள் புளோக்கின் கீழே கோப்பிக்கடையில் தினம் அதே பேச்சுதான். சிங்கப்பூர் அரசுக்குச் சொந்தமான முதலீட்டு நிறுவனம் தெமாசெக் அதில் 275 மில்லியன் அமெரிக்க டாலர் போட்டிருந்தது, மொத்தத்தையும் நட்டக் கணக்கில் எழுதியது. ‘தெமாசெக்கே போட்டிருக்கு, அவங்க விசாரிக்காமலா போடுவாங்க?’ என்று சொல்லித் தானும் போட்ட ஒரு பெரியவர் எங்கள் மேசையில் இருந்தார். அப்போது துணைப் பிரதமராக இருந்த லாரன்ஸ் வோங், இந்த நட்டம் ஏமாற்றம் தருகிறது, நற்பெயருக்கும் பாதிப்பு என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். மறு ஆண்டு, அந்த முதலீட்டுக்குப் பொறுப்பானவர்களின் ஊதியத்தைக் குறைத்தார்கள். தெமாசெக்குக்கு அது மொத்தச் சொத்தில் ஒரு சிறு துளி. பெரியவருக்கு அப்படி இல்லை.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. பைனான்ஸ் என்ற இன்னொரு கிரிப்டோ தளம் 2021இலேயே ஆணையத்தின் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலில் ஏறிவிட்டது. எஃப்டிஎக்ஸ் ஏறவில்லை. அதனால் ‘பட்டியலில் இல்லாதது பத்திரம்’ என்று பலர் எஃப்டிஎக்ஸுக்கு மாறிப் போனார்கள்.

செங்காங் கணக்கர்

ஜூரோங் அண்ணன் சொன்னது முக்கியம். ஆணையமே பிறகு விளக்கம் கொடுத்தது: பைனான்ஸ் இங்குள்ளவர்களைக் குறிவைத்து வாடிக்கையாளர் பிடித்ததால் பட்டியலில் ஏறியது, எஃப்டிஎக்ஸ் அப்படிச் செய்ததற்கு ஆதாரம் இல்லை. இரண்டுக்குமே அப்போது இங்கே உரிமம் இல்லை. உலகத்தில் உள்ள எல்லா நிறுவனத்தையும் அந்தப் பட்டியலில் போட முடியாது.

வாடிக்கையாளர் சேவை

உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் உள்ளே இருந்து பார்ப்பதைச் சொல்கிறேன்.

புதிதாகக் கணக்குத் திறப்பவருக்கு ஆபத்து புரிந்திருக்கிறதா என்று சோதிக்கக் கேள்விகள் வைக்கிறோம். ‘போட்ட பணம் முழுவதும் போகலாமா?’ என்பது மாதிரி. ஒரு பெரியவர் தொலைபேசியில் கூப்பிட்டு, ‘சரியான விடை எதுன்னு நீயே சொல்லிடும்மா, பையன் வேலைக்குப் போயிட்டான்’ என்றார். சொல்ல முடியாது ஐயா என்றதும் கோபப்பட்டார். ‘முழுசும் போகலாம்’ என்பதுதான் விடை என்று தெரிந்தால் அவர் கணக்கே திறந்திருக்க மாட்டாரோ என்று எனக்கு ஓர் எண்ணம்.

இங்கே கிடைக்கும் கடன் அட்டையைக் கொண்டு வாங்க விடமாட்டோம், சேர்ந்தால் இலவச நாணயம் என்று ஆசை காட்டக் கூடாது. 2022 ஜனவரியிலிருந்து பேருந்திலோ ரயிலிலோ பொதுமக்களுக்கு விளம்பரமும் செய்யக் கூடாது. அதே மாதம் கடைத்தொகுதிகளில் இருந்த, கிரிப்டோ வாங்கும் இயந்திரங்களும் மூடப்பட்டன. அப்போது ஆணையத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த ரவி மேனன், புதுமைக்குச் சரி, ஊக வணிகத்துக்கு இல்லை என்று அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் உரையே ஆற்றினார்.

இத்தனைக்குப் பிறகும் விலை விழுந்த மறுநாள் அழைப்பு வரும்: ‘ஆணையத்துல புகார் கொடுத்தா நட்டத்தைத் தருவாங்களா?’ தரமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் இதைச் சொல்வது எனக்கு வேதனையாக இருக்கிறது.

விடுதித் தொண்டர்

நான் எழுதுவது கொஞ்சம் வேறு. துவாஸ் பக்கம் ஊழியர் தங்கும் விடுதிகளில் வார இறுதியில் தொண்டு செய்கிறேன்.

புதுக்கோட்டைத் தம்பி ஒருவன். டெலிகிராமில் யாரோ சேர்த்துவிட்ட குழுவில் தினமும் லாபக் கணக்கு வரும். அவர்கள் காட்டிய தளத்தின் பெயர், இங்கே உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தின் பெயரோடு ஓர் எழுத்து மட்டும் வேறுபட்டது. அடியில் அந்த நிறுவனத்தின் உண்மையான உரிம விவரத்தை அப்படியே ஒட்டியிருந்தார்கள். அவனும் நாணய ஆணையத்தின் பக்கத்தில் தேடியிருக்கிறான், நிறுவனம் அங்கே இருந்தது. ‘நான் செக் பண்ணிட்டுத்தாண்ணே போட்டேன்’ என்றான்.

முதலில் 50 வெள்ளி எடுத்துப் பார்த்தான், உடனே வந்தது. அப்புறம் ஊரில் வீட்டுக்குக் கூரை போட வைத்திருந்ததைப் போட்டான். கைபேசியைக் காட்டினான்: பச்சை நிறத்தில் 11,000 சொச்சம். எடுக்கப் போனால் ‘15 விழுக்காடு வரி கட்டினால்தான் விடுவிப்போம்’ என்று செய்தி. அந்த வரியைக் கட்ட நண்பர்களிடம் கடன் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. வரி கட்டச் சொல்லி ஒரு செயலி கேட்காது, வரியை உள்நாட்டு வருவாய் ஆணையம்தான் கேட்கும் என்று உட்காரவைத்துச் சொன்னேன். மோசடித் தடுப்பு உதவி எண் 1799க்கு அழைத்தோம், போலீசில் புகார் கொடுத்தோம். கடன் வாங்குவது நின்றது. போட்டது திரும்பவில்லை. வங்கிப் பரிமாற்றமாக இருந்தால் விரைந்து முடக்கப் பார்க்கலாம். யுஎஸ்டிடி (டாலர் மதிப்பைத் தொடரும் கிரிப்டோ) ஆக மாறி அடுத்தவன் பணப்பைக்குப் போனதை யார் கூப்பிட்டுத் திருப்புவது?

2024இல் மோசடிகளில் பறிபோனது 1.1 பில்லியன் வெள்ளி, அதில் ஏறத்தாழ கால் பங்கு கிரிப்டோ வழியாகப் போனது. இந்தப் பிள்ளைகளின் ஆயிரம், ரெண்டாயிரமும் அதற்குள் இருக்கிறது.

ஈசூன் அக்கா

அந்தத் தம்பி சரிபார்த்தான் என்பதுதான் நெஞ்சை அடைக்கிறது. அப்படியானால் எப்படித்தான் சரிபார்ப்பது?

செங்காங் கணக்கர்

அக்கா, ஆணையத்தின் நிதி நிறுவன விவரத்திரட்டில் நிறுவனத்தின் பெயரோடு இணைய முகவரியும் இருக்கும். குழுவில் வந்த இணைப்பை விட்டுவிட்டு, அங்கே உள்ள முகவரியிலிருந்து போக வேண்டும். பெயர் பொருந்தினால் போதாது, முகவரி எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். சந்தேகம் இருந்தால் பணம் போடும் முன்பே 1799க்கு அழைக்கலாம், எந்நேரமும் எடுப்பார்கள்.

தனியே ஒருவர் இந்தியாவில் உள்ள அண்ணன் பெயரில் வாங்கலாமா என்று கேட்டிருந்தார். இங்கே மூலதன ஆதாய வரி இல்லை என்பதை வைத்து அங்கே கணக்குப் போடாதீர்கள். இந்தியாவில் 2022 ஏப்ரலிலிருந்து லாபத்துக்கு 30 விழுக்காடு வரி, ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது.

விடுதித் தொண்டர்

கணக்கர் அண்ணே, முகவரி விஷயத்தை விடுதியில் எல்லாருக்கும் கைபேசியிலேயே செய்து காட்டப் போகிறோம். தமிழில் நான் சொல்லிவிடுவேன். வங்காள மொழியில் பொறுமையாகச் சொல்ல ஒருவர் வேண்டும். தெரிந்தவர்கள் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், ஞாயிறு மாலை வர முடிந்தவராக இருந்தால் நல்லது.