காற்று எங்கே போகிறது? – வகுப்பறைக்கு வெளியே கிடைத்த சில பாடங்கள்

கணித ஆசிரியை, கடலூர் மாவட்டம்:

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். எங்கள் பள்ளிக்குத் திறன் வகுப்பறைத் திரை வந்த முதல் மாதத்தில் பிள்ளைகளின் கண்கள் அதைவிட்டு அகலவில்லை. மூன்றாவது மாதத்திலோ, காணொளி முடிந்ததும் "யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?" என்று நான் கேட்டால், முன்பு கரும்பலகையின் முன் நின்று கேட்டபோது கிடைத்த அதே அமைதிதான் கிடைத்தது. படம் பெரிதாகியிருந்தது, பேசுகிறவள் அப்போதும் நான் ஒருத்திதான்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை, மகளின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவதற்காகக் கடைத்தெருவுக்குப் போனேன். ஆண்டு முழுவதும் என்னிடம் பத்துச் சொற்கள்கூடப் பேசியிராத கடைசி வரிசை மாணவன் ஒருவன், அந்தச் சைக்கிள் கடையில் தன் பெரியப்பாவின் அருகில் அமர்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். பெரியப்பா டியூபைக் கழற்றிக் காற்றடித்து அவன் கையில் கொடுத்து, "காத்து எங்கடா போவுது?" என்று கேட்டுவிட்டு, வேறொரு சைக்கிளின் செயினைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். பையன் டியூபைச் சிறிது சிறிதாகத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிச் சுற்றினான். ஓரிடத்தில் குமிழி வந்தது. அந்த இடத்தை விரலால் அடைத்துக்கொண்டு, அதோடு நின்றுவிடாமல் மீதிச் சுற்றையும் முடித்து, வால்வுக்கு அருகில் இன்னொரு கசிவையும் கண்டுபிடித்து, "ரெண்டு இருக்கு, பெரிப்பா" என்றான். அவர் உப்புத்தாளை எடுத்து நீட்டினார். பாராட்டும் இல்லை, திருத்தமும் இல்லை.

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் குமிழியிலேயே "அதோ, அதோ!" என்று கூவியிருப்பேன், இரண்டாவது ஓட்டை அப்படியே தப்பியிருக்கும். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் என்னை உறுத்தியது இதுதான்.

கிளம்பும் முன் அதே கடையில் இரண்டு மீட்டர் வால்வு டியூப் (சைக்கிள் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர்க் குழாய்) வாங்கினேன். கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா, 1970களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் பணியாற்றியபோது, தீக்குச்சிகளை வால்வு டியூப் துண்டுகளால் இணைத்து வடிவங்கள் செய்யலாம் என்று காட்டியதை எப்போதோ படித்திருந்தேன், செய்து பார்த்ததில்லை. (செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: நம்மூரில் எளிதாகக் கிடைக்கும் மெழுகுத் தீக்குச்சி வளைந்துவிடும், மரக்குச்சிதான் வேண்டும்; மருந்தை முன்கூட்டியே வீட்டிலேயே சுரண்டிவிடுங்கள்.)

திங்கட்கிழமை 42 பேரையும் குழுக்களாகப் பிரித்து, மூன்று குச்சிகளால் ஒரு முக்கோணமும் நான்கு குச்சிகளால் ஒரு சதுரமும் செய்யச் சொன்னேன். முக்கோணம் அசையாமல் நின்றது. சதுரம் தொட்டவுடன் சாய்ந்தது. "சதுரம் சதுரமாகவே நிற்க என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டு, சைக்கிள் கடைக்காரரைப் போலவே திரும்பி நின்றுகொண்டேன். அது எவ்வளவு கடினம் என்பதை ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாக் குழுக்களும் முதலில் குறுக்கே இன்னொரு தீக்குச்சியைப் பொருத்தின. சதுரம் நசுங்கி, இரண்டு சமபக்க முக்கோணங்கள் ஒட்டிய சாய்சதுரமாகிவிட்டது. "குச்சி பத்தல, டீச்சர்" என்று ஒரு குரல் எழுந்தது. எவ்வளவு பற்றவில்லை என்று கேட்டேன். துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவி, வெட்டி, ஒடித்து, மறுபடியும் வெட்டி, பக்கம் 5 செ.மீ. என்றால் குறுக்குக் குச்சி 7 செ.மீ.க்குச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அந்தச் 'சற்றே கூடுதல்' எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியோடுதான் மறுநாள் பிதாகரஸ் தேற்றம் எங்கள் வகுப்புக்குள் வந்தது. இத்தனை ஆண்டுகளாக நான் அதை விடையாகவே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கும் இப்படி எதிர்பாராத இடத்திலிருந்து ஏதேனும் கிடைத்திருந்தால் எழுதுங்கள்.

அறிவியல் ஆசிரியர், திருநெல்வேலி மாவட்டம்:

டீச்சர் ஹோஷங்காபாத்தைக் குறிப்பிட்டதால் எழுதுகிறேன். 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி 2002இல் அரசால் நிறுத்தப்பட்ட அங்கத்திய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், புத்தகத்தைத் திறந்து வைத்தே தேர்வு எழுதலாம் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். என்னைக் கவர்ந்தது 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதர். பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றும் கேள்விகளைக் கடிதமாக அவருக்கு எழுதுவார்கள். அவர் பெயரில் பதில் போகும். ஆசிரியரிடம் கேட்கக் கூச்சப்படும் பிள்ளை, முகம் தெரியாத ஒருவரிடம் கூச்சப்படுவதில்லை.

நான் ஒரு பழைய இனிப்புப் பெட்டியில் துளையிட்டு வகுப்பில் வைத்தேன். முதல் வாரம் வந்த சீட்டுகளில் பாதி, ஒருவர்மீது மற்றவர் சொன்ன புகார்கள். இரண்டாம் வாரத்தில், "கிணற்றுத் தண்ணீர் விடியற்காலையில் மட்டும் ஏன் வெதுவெதுப்பாக இருக்கிறது?" என்று ஒரு சீட்டு வந்தது. பதில் எனக்குத் தெரியும். சொல்லாமல் ஆய்வகத்து வெப்பமானியைக் கொடுத்து, காலை ஆறு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் கிணற்று நீரையும் வெளிக்காற்றையும் அளந்து வரச் சொன்னேன். ஒரு வாரத்துக் கணக்கைப் பலகையில் எழுதியபோது, நீரின் வெப்பநிலை ஏறக்குறைய அப்படியே இருப்பதும், ஏறி இறங்குவது காற்றின் வெப்பநிலைதான் என்பதும் எல்லாருக்கும் தெரிந்தது. "அப்ப நம்ம கைதான் நம்மள ஏமாத்துதா, சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு முழுப் பாடவேளை ஆயிற்று.

முதுகலை ஆசிரியர், இயற்பியல்:

மேலே எழுதிய இருவர் மீதும் மதிப்பு உண்டு. ஆனால் மேல்நிலை வகுப்பில் 60 பேரை எதிரில் வைத்துக்கொண்டு, பொதுத்தேர்வுக்குள் இத்தனை பாடங்களை முடிக்க வேண்டியவர்களுக்கு ஒரு கேள்விக்கு ஒரு வாரம் என்பது எட்டாத செல்வம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தீக்குச்சிக்கு எங்களிடம் நேரமில்லை. திரை மட்டுமே இருக்கிறது.

ஆகவே நான் கற்றுக்கொண்டது, காணொளியை எங்கே நிறுத்துவது என்பதை மட்டும்தான். 1971 ஆகஸ்ட் மாதம் அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், நிலவில் நின்றபடி ஒரு கையில் சுத்தியலையும் மறு கையில் வல்லூறின் இறகையும் பிடித்து ஒரே நேரத்தில் கீழே விட்ட காட்சி எல்லாருக்கும் தெரியும். ஆண்டுதோறும் அதை முழுவதுமாக ஓட்டிவிட்டு, பிறகு விளக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள், அவர் கைகளை விரிப்பதற்குச் சற்று முன் மின்சாரம் போய்விட்டது. எது முதலில் விழும் என்று வகுப்பே சண்டையிடத் தொடங்கியது. "நிலாவில் ஈர்ப்பே கிடையாது, இறகு மிதக்கும்" என்றாள் ஒருத்தி, "அப்ப அவர் எப்படி நிக்கிறார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் திருப்பிக் கேட்டான். மின்சாரம் வர இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் நான் சொல்ல வேண்டியவற்றில் பெரும்பகுதியை அவர்களே பேசி முடித்திருந்தார்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990களின் தொடக்கத்திலிருந்தே இதை ஒரு முறையாக நடத்தி வந்திருக்கிறார் என்பது பின்னர்தான் தெரிந்தது: கேள்வி, தனித்தனியாக விடை, பக்கத்திலிருப்பவரோடு வாதம், மறுபடியும் விடை. இப்போது வாரத்துக்கு ஒரு முறை நானே மின்சாரத்தை நிறுத்துகிறேன். ஏழெட்டு நிமிடம்தான் செலவாகிறது. அதற்கு மேல் என்னால் முடியாது.

ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை:

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோதும், 2007–08இல் அது மாநிலம் முழுவதும் வந்தபோதும் பணியில் இருந்தவள் நான். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டை அட்டையாகப் பாடத்தைக் கடந்து போக, ஆந்திரத்தின் ரிஷி வேலி கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறையைத் தழுவியது அது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை வந்தது. அவர்கள் வரைந்தவற்றைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் வந்தது. குறைகளும் இருந்தன. அட்டை எண்ணை நிரப்புவதே பாடம் என்று ஆகிவிட்ட நாட்கள் என் வகுப்பிலும் உண்டு. ஆனால் கம்பிப் பந்தலின் கீழே பெற்றோர் வந்து அண்ணாந்து தங்கள் பிள்ளையின் தாளைத் தேடியதை நான் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தங்களுக்குப் பார்க்க ஏதோ இருக்கிறது என்று அவர்கள் எண்ணிய நாள் அது.

ஆங்கில ஆசிரியர், சேலம்:

கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதை மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பல வகுப்புகளில் அளந்திருக்கிறார்: ஏறத்தாழ ஒரு வினாடி. அதை மூன்று வினாடியாக நீட்டினால் பிள்ளைகளின் பதில்களும் நீள்கின்றன என்று 1970களிலேயே எழுதினார். நம்பாமல் என் வகுப்பைக் கைபேசியில் பதிவு செய்து கேட்டேன். ஒரு வினாடிகூட இல்லை. என் கேள்விகளுக்கெல்லாம் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று முதல் கேள்விக்குப் பின் மனத்துக்குள் மூன்று வரை எண்ணுகிறேன். முதல் சில நாட்கள், சார் கோபத்தில் இருக்கிறார் என்று பிள்ளைகள் பயந்தார்கள்.

கணித ஆசிரியை, கடலூர் மாவட்டம்:

மூன்று வரை எண்ணுவதை நாளையே செய்து பார்க்கிறேன், சார். இயற்பியல் ஆசிரியர் சொன்ன நேரக் கணக்கையும் மறுக்கவில்லை. தீக்குச்சி வகுப்புக்காக அந்த மாதம் இரண்டு அலகுகளை வேகமாக ஓட்டினேன், அதற்கான விலை இடைத் தேர்வில் தெரிந்தது.

அந்தப் பையனைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. சதுரத்துக்குப் பின் கனசதுரம் செய்யப் போனபோது, ஒரு மூலையில் மூன்று குச்சிகளைச் சேர்க்க எவராலும் முடியவில்லை. அவன் வெளியே போய் ஒரு சீமைக்கருவேல முள்ளை ஒடித்து வந்து, டியூப் துண்டின் நடுவில் குத்தித் துளையிட்டு, இன்னொரு துண்டை அதனுள் குறுக்கே செருகிக் காட்டினான். பிறகு பன்னிரண்டு குச்சிகளும் சேர்ந்து நின்றவுடன் சரிந்ததைப் பார்த்துவிட்டு, என்னிடம் வந்து, "இதுக்கு எத்தன குறுக்குக் குச்சி வேணும், டீச்சர்?" என்று கேட்டான். எனக்கு உண்மையிலேயே அப்போது தெரியவில்லை. இருவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தோம்.