போடர்லைனுக்கு எல்லைக்கோடும் வேண்டாம், விளிம்பும் வேண்டாம்: ‘தளம்பல்’ பற்றி

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் ‘போடர்லைன் பெர்சனாலிட்டி டிஸோர்டர்’ எனப்படும் உளநோய்க்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற எங்கள் பேச்சில் ஓர் அண்ணா இப்படி எழுதியிருந்தார்:

> ‘எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு’ என்றே வைத்துக்கொள்ளலாம். மூலத்துக்கு நெருக்கம், ஏற்கெனவே பரவியும் விட்டது.

அண்ணா, பரவியது உண்மைதான். பரவி என்ன செய்கிறது என்று திருகோணமலையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். உளநல கிளினிக்குக்கு வரும் குடும்பங்களுக்கான இரண்டு துண்டுப்பிரசுரங்களை நான்தான் தமிழாக்கினேன். ஒன்று இருதுருவக் கோளாறு (பைபோலர்), மற்றது நீங்கள் சொல்லும் அதே எல்லைக்கோடு. மூதூரிலிருந்து மகளைக் கூட்டிவந்த ஒரு தாய், இரண்டாவதை வரிவரியாக விரல் வைத்து வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்: “அப்ப புள்ளைக்கு வருத்தம் இன்னும் முழுசா வரல்ல, எல்லையிலதான் நிக்கிது, என்ன?” முகத்தில் அவ்வளவு நிம்மதி. அவருக்குச் சீனி வருத்தம் பார்க்கிற இடத்தில் ‘போடர்லைன்ல நிக்கிது, இனிப்பைக் குறைங்க’ என்று சொல்லியிருக்கிறார்கள், இதுவும் அதே கோடுதான் என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் மகள், அந்தப் புழுக்கத்திலும் மணிக்கட்டு வரை இழுத்துவிட்ட நீளக் கை. அந்த நிம்மதியை நான்தான் கலைக்க வேண்டியிருந்தது, என் சொல் கொடுத்த நிம்மதி அது.

‘மூலத்துக்கு நெருக்கம்’ என்றால் எந்த மூலத்துக்கு? 1938இல் அடோல்ஃப் ஸ்டேர்ன் என்ற உளப்பகுப்பாய்வாளர் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியபோது, நியூரோசிஸுக்கும் (பதற்றம் போன்ற, நிஜம் எதுவென்று தெரிந்திருக்கும் நோய்கள்) சைக்கோசிஸுக்கும் (நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலை) நடுவே எதிலும் அடங்காத நோயாளர்களைக் குறிக்கத்தான் அது தேவைப்பட்டது. அந்த இரண்டு நாடுகளுக்கு நடுவிலான எல்லை இப்போது வரைபடத்திலேயே இல்லை. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு இதை ஆளுமைக் கோளாறுகளில் ஒன்றாகச் சேர்த்தபோது பெயர் மட்டும் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாட்டில் தலைப்பே ‘உணர்ச்சி நிலையற்ற ஆளுமை’ என்ற பொருளில்தான் இருந்தது, போடர்லைன் அதற்குள் ஒரு உட்பிரிவு. ஆங்கிலத்திலேயே அர்த்தம் கழன்றுபோன ஒரு சொல்லை நாங்கள் ஏன் எழுத்துக்கு எழுத்து சுமக்க வேண்டும்?

எல்லை என்ற சொல்லில் எங்கள் மாவட்டத்துக்கு வேறொரு வலியும் இருக்கிறது. எல்லைக் கிராமம் என்றால் இங்கே இடம்பெயர்வு, எரிந்த வீடு, திரும்பிப் போக முடியாத வயல். ‘விளிம்புநிலை’ என்று யாழ்ப்பாணத்து அக்கா எழுதியிருந்தார். அது ஒடுக்கப்பட்ட மக்களைக் குறிக்கும் சொல்லாக ஊன்றிவிட்டது, விளிம்புநிலை ஆளுமை என்று ஒரு தலைப்பைப் பார்த்தால் யாரோ ஒரு சமூகப் போராளியைப் பற்றிய கட்டுரை என்றுதான் வாசகர் திறப்பார்.

சரி, சொல் எதைக் காட்ட வேண்டும்? இரண்டு பிரசுரங்களையும் வாசித்துவிட்டு ஆட்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: இரண்டிலும் மனம் மேலும் கீழும் போகிறது, அப்புறம் என்ன வித்தியாசம்? ஒருவரிடமே இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம் என்பதால் இது இன்னும் சிக்கல். நான் காற்றை வைத்துத்தான் விளக்குகிறேன். இருதுருவம் எங்கள் கடலில் பருவம் மாறுவது போல. வாடை தொடங்கினால் மாதக்கணக்கில் கடல் கொந்தளிக்கும், பிறகு அடங்கும், அடங்கிய பிறகு அது வேறு கடல். மேனியா, அதாவது மிகை உற்சாகக் கட்டம், என்று சொல்ல ஒரு வாரமாவது நீடிக்க வேண்டும், மனச்சோர்வுக் கட்டம் என்று சொல்ல இரண்டு வாரம். ஒரு கடற்றொழிலாளி இரண்டு கிழமை சரியாகத் தூங்காமல், களைப்பும் தெரியாமல், கடனுக்கு வலைக்கு மேல் வலை வாங்கிக் குவித்தார். மருந்தோடு அடங்கியதும் பழைய நிதானமான மனிதர், ‘அது நானா செய்தேன்’ என்று கேட்கிறார். கட்டம் வந்து போகிறது, ஆள் அப்படியே இருக்கிறார்.

மற்றதில் அலைவு மணிக்கணக்கில் நடக்கிறது, சில நாளைத் தாண்டுவது அரிது. அநேகமாக இன்னொருவரின் சொல்லோ மௌனமோதான் அதைக் கிளப்புகிறது. ஒரு பிள்ளை அப்பியாசக் கொப்பியில் கட்டம் போட்டு மனநிலையைக் குறித்து வைத்திருந்தாள். காலை பத்து மணிக்கு ‘இன்டைக்கு நல்லா இருக்கு’, பதினொன்றுக்கு ‘மெசேஜ் பாத்திட்டாள் பதில் இல்ல, என்னை வெறுத்திட்டாள்’, இரண்டு மணிக்குக் கட்டம் முழுக்கப் பேனையால் கிறுக்கி ஓட்டை விழுந்திருக்கிறது, நாலு மணிக்கு ‘போன் எடுத்தாள், அவள் தெய்வம்’. ஒரு பக்கத்தில் ஒரே நாள். கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம், நான் யார் என்பதே நிலைக்காமை, உள்ளே வெறுமை, யோசிக்காமல் செய்துவிடுவது, எல்லாம் வந்து போகும் கட்டமாக இல்லாமல் இளவயதிலிருந்தே அந்த ஆளின் இயல்போடு பின்னிக் கிடக்கின்றன. ‘ட்ரெய்ட்’ என்று உளமருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

இதில் இன்னொரு சிக்கல். ட்ரெய்டுக்கு நாம் ‘பண்பு’ என்று எழுதுகிறோம். பண்பு பேச்சில் பெரும்பாலும் நல்லதற்குத்தான், ‘பண்பில்லாதவள்’ என்றால் வசை. ‘குணம்’ என்று போட்டால் ‘அவளின்ட குணமே சரியில்ல’ என்று ஊர் ஏற்கெனவே சொல்வதை நாங்களும் அச்சடித்துக் கொடுத்ததாகிவிடும், நோய் மாறுவதற்கும் ‘குணமாகிவிட்டது’ என்பதால் குழப்பம் வேறு. ‘இயல்புக்கூறு’ எனக்குப் போதும், அதில் பழி இல்லை.

ஆகவே என் முன்மொழிவு: இருதுருவக் கோளாறு அப்படியே இருக்கட்டும், போடர்லைனுக்கு ‘உணர்வுத் தளம்பல் ஆளுமை நிலை’. கோளாறு என்பதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், ஆளுமையோடு சேர்ந்தால் அது ஆளையே கோளாறு என்கிறது.

மறுமொழி:

> தளம்பல் நல்ல சொல். ஆனால் ‘நிறைகுடம் தளம்பாது’ என்று பழமொழி இருக்கிறதே தங்கச்சி. தளம்புகிறாள் என்றால் குறைகுடம் என்றாகாதா? மனவெழுச்சி ஏற்ற இறக்கம் என்றால் என்ன?

அக்கா, இது என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. முதலில் மனவெழுச்சி: இலங்கைக் கல்வி நூல்களில் அது ‘எமோஷன்’, ஆனால் சிலர் அதே சொல்லை மேனியாவுக்கு எழுதுகிறார்கள். இருதுருவத்திலிருந்து பிரித்துக் காட்டவே ஒரு பெயர் தேடும்போது அந்தச் சொல்லை உள்ளே விட வேண்டாம். ஏற்ற இறக்கம் இரண்டு நோய்க்கும் பொருந்தும்.

பழமொழியின் பாரம் உண்மையானது, மறுக்கவில்லை. ஆனால் இங்கே தளம்பல் தினமும் வேறு இடத்தில் காதில் விழுகிறது. வானிலை அறிக்கையில் ‘வளிமண்டலத் தளம்பல் நிலை’ என்பார்கள், விலைத் தளம்பல் என்பார்கள், அதைக் கேட்டு யாரும் வானத்தைக் குறை சொல்வதில்லை. அதோடு தளம்பல் அடங்கக்கூடியது. இந்த நோயிலும் அதுதான் நடக்கிறது: பத்தாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானோரின் அறிகுறிகள் நன்றாகத் தணிந்தன. இதற்கு முதன்மைச் சிகிச்சை பேச்சுவழிச் சிகிச்சை, பக்கத்து வீட்டுக்காரருக்கு இருதுருவத்துக்காகக் கொடுக்கும் லித்திய மருந்தை என் பிள்ளைக்கு ஏன் தரவில்லை என்று கேட்கும் தாய்க்கு இதைச் சொல்ல வேண்டும், சொல்லும்போது பெயரும் கைகொடுக்க வேண்டும்.

பெயர் மாற்றினால் ஒன்றும் ஆகாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஜப்பானில் ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு இருந்த ‘மனம் பிளந்த நோய்’ என்ற பெயரை, நோயாளர் குடும்பங்கள் கேட்டுக் கேட்டு, 2002இல் உளமருத்துவர் சங்கமே மாற்றியது.

புதிய பிரசுரத்தை மூதூர்த் தாய்க்கு வாசித்துக் காட்டினேன். ‘தளம்பல்’ என்ற இடத்தில் நிறுத்தி, “ஓம், வள்ளத்துல தண்ணி தளம்புற மாதிரி, ஆள் அசைஞ்சா அசையும்” என்றார். மகள் அன்று பேசவில்லை, தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

‘இம்பல்சிவிட்டி’க்கு, அதாவது யோசிக்காமல் செய்துவிடுவதற்கு, இன்னும் சொல் முடிவாகவில்லை. ‘உந்துதல்’ என்றால் ஊக்கம் போலக் கேட்கிறது, ‘அடக்கமின்மை’ பெண்பிள்ளைகளுக்குப் பெரிய வசை. ‘முன்பின் பாராமை’ என்று எழுதிப் பார்த்தேன். அடுத்த அச்சு மாதக் கடைசியில், அதற்குள் சொல்லுங்கள்.